அடுப்பு மூட்டாத மாதங்களில் உங்கள் மெக்சிக்கன் கடைகள்

இஞ்சேருங்கோ,

உங்களை ஒரு நாளும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. கடிதம் எழுதுகிறேன் என்பதற்காக இப்போது மட்டும் வாய் வருமோ? வீட்டில் கூப்பிட்ட மாதிரியே கூப்பிடுகிறேன். நல்ல செய்திதான் சொல்லப் போகிறேன், பயப்படாதேங்கோ.

செவ்வாய்க்கிழமை காலையில் உங்களை மண்ணில் வைத்துவிட்டோம். படுத்திருக்கிற உங்களுக்கு அது தெரிந்துதான் இருக்கும். ஆனாலும் என் வாயால் சொன்னால்தான் எனக்கு ஆறும். உங்களுக்கு இடம் கிடைத்துவிட்டது. எங்கள் வீட்டில் அடுப்பும் எரிகிறது. அடுப்பு ஏன் எரியாமல் கிடந்தது என்று கேட்பீர்கள். அதைத்தான் எழுதப் போகிறேன்.

நீங்கள் கண்ணை மூடியது மழை தொடங்கின நேரம். கோவிலில் பூசை முடிந்து, சுவாமியார் பெட்டிக்குத் தீர்த்தம் தெளித்து, எல்லோரும் சேமக்காலைக்கு வந்தோம். அங்கே குழி இல்லை. வெட்ட ஆளில்லை என்பதல்ல, வெட்டுவதற்கு இடமே இல்லையாம். உங்களுக்கு முன்னால் வந்தவர்களே காத்திருக்கிறார்கள் என்றார்கள். பெட்டியை ஒரு மண்டபத்துக்குக் கொண்டுபோய் இரும்புத் தட்டில் ஏற்றினார்கள். உங்களுக்குக் கீழ்த் தட்டில் கொன்செத்தா என்று ஒரு அம்மாவின் பேர் இருந்தது. அன்றையிலிருந்து அவருக்கும் சேர்த்து ஒரு அருள் நிறைந்த மரியே சொல்லி வந்தேன். பக்கத்தில் கிடக்கிறவரை விட்டுவிட்டு உங்களுக்கு மட்டும் எப்படிச் செபிக்க?

ஒரு பிடி மண்ணும் போடாமல் வீட்டுக்குத் திரும்பி வந்தோம்.

பின்னேரம் ரோசலின் அக்கா சோறும் கத்தரிக்காய்க் குழம்பும் கொண்டு வந்தார். அதுதான், கோவிலில் பாட்டுக்கு முன்னுக்கு நிற்கிற மன்னார் அக்கா. வந்தவர்களுக்குத் தேத்தண்ணி வைக்கலாம் என்று நான் காஸ் அடுப்பைத் திருகப் போனேன். அக்கா என் கையைப் பிடித்தார்.

"பொறும். பிரேதம் இன்னும் மண்ணுக்குப் போகேல்லை. அதுக்குள்ளை அடுப்பு மூட்டுறதோ?"

எங்கள் ஊர்களில் இப்படி ஒரு கேள்வி வந்ததே இல்லை. இன்றைக்குச் செத்தால் நாளைக்கு அடக்கம். அதுவரை செத்த வீட்டில் அடுப்பு மூட்டுவதில்லை, அயல் சமைத்துக் கொண்டு வரும். அடக்கம் முடிந்து வந்து கால் முகம் கழுவினால் அடுப்பு எரியும். பெட்டி மாதக்கணக்கில் காத்திருந்தால் என்ன செய்வது என்று யாரும் சொல்லி வைக்கவில்லை. இத்தாலிக்கு வந்து, இந்தப் பலெர்மோவில் மண்ணுக்கு வரிசை நிற்கும் என்று அவர்கள் கண்டார்களோ?

சுவாமியாரிடம் கேட்டேன். அதில் பாவம் ஒன்றும் இல்லை, மூட்டுங்கள் என்றார். பாவம் இல்லை என்று எனக்கும் தெரியும். ஆனால் நீங்கள் இரும்புத் தட்டில் கிடக்க நான் எப்படி உலை வைக்க? அடுப்புக்கு மேலே ஒரு துணியைப் போட்டு மூடினேன். அவர் மண்ணுக்குப் போகட்டும், அன்றைக்குத்தான் இந்தத் துணியை எடுப்பேன் என்று சொல்லிவிட்டேன்.

முதல் கிழமைகளில் சனம் மாறி மாறிக் கொண்டு வந்தது. பிறகு குறைந்தது. குறை சொல்லவில்லை. எல்லோரும் பிறர் வீட்டில் வேலை செய்து களைத்து வருகிறவர்கள், எத்தனை நாளைக்கு இன்னொரு வீட்டுக்கும் சேர்த்துச் சமைப்பார்கள்? நானும் வேலைக்குத் திரும்பினேன். காலையில் பொலிதேயாமாவில் நான் சமைக்கப் போகிற சிஞ்ஞோரா வீட்டு அடுப்பில் தக்காளிச் சுகோ கொதிக்கும், மீன் பொரியும். பின்னேரம் ஒரேத்தோவில் எங்கள் வீட்டுக்கு வந்தால் எங்கள் அடுப்பு குளிர்ந்து கிடக்கும். விஷயத்தைச் சொன்னேன், சிஞ்ஞோரா மிச்சத்தைக் கட்டித் தந்தார். ஒன்றிரண்டு நாள் வாங்கினேன், பிறகு வேண்டாம் என்றேன். நான் சமைத்ததை நானே செத்த வீட்டுக்குக் கொண்டு வந்தால் அது அயல் தந்த சாப்பாடு ஆகுமோ?

சிரிக்கிறீர்கள், எனக்குத் தெரியும்.

எங்கள் அனீற்றா ஒரு மைக்ரோவேவ் வாங்கி வந்தாள். அதில் நெருப்பே இல்லை, மின்சாரம்தான் என்று விளங்கப்படுத்தினாள். நெருப்போ மின்சாரமோ, சோறு சூடாகிறதுதானே என்றேன். மகள் அதைத் தூக்கி அலுமாரிக்கு மேலே வைத்தாள்.

அந்த நேரத்தில்தான் உங்கள் மெக்சிக்கன் கடைகள் எனக்கு நினைவு வந்தன.

வியாழன் பின்னேரம் எனக்கு லீவு. உங்களுக்குக் கடைக் குசினியில் வேலை தொடங்குமுன் இரண்டு பேரும் வியா மக்வேதாத் தெருவில் நடப்போம். இந்த ஊர்ச் சாப்பாட்டில் உறைப்பே இல்லை என்று நீங்கள் சலித்துக்கொண்டிருந்த காலத்தில், நின்றுகொண்டே சாப்பிடுகிற அந்தச் சின்னக் கடையைக் கண்டுபிடித்தது நீங்கள்தான். சோள ரொட்டி, உள்ளே இறைச்சி, மேலே தேசிக்காயும் கொத்தமல்லி இலையும் பச்சை மிளகாய்ச் சம்பல் மாதிரி ஒன்றும். முதல் வாயிலேயே உங்கள் கண் கலங்கியது. உறைக்குதோ என்று கேட்டேன். இல்லை, சந்தோசம் என்று மூக்கைத் துடைத்தீர்கள்.

மற்றது எங்கள் ஒரேத்தோக் கடை. சோறு குழைந்திருக்கும், அவரை உப்புக் கரிக்கும். கடைக்காரர் பந்து விளையாட்டைப் பார்த்துக்கொண்டு எங்களை மறந்துவிடுவார். ஆனாலும் அங்கேதான் போவோம். ஒருக்கால் சனம் கூடிவிட்டது என்று நீங்களே எழும்பிப் போய் அந்த மனுசனுக்குக் கோப்பை கழுவிக் கொடுத்தீர்கள். வெளியே சாப்பிட வந்த இடத்திலும் கழுவுகிற மனுசனைக் கட்டினேனே என்று வழி முழுக்கப் பேசிக்கொண்டு வந்தேன்.

நீங்கள் இல்லாமல் முதன்முதல் வியா மக்வேதாக் கடைக்குப் போனபோது, அந்தப் பெடியன் என்னைக் கண்டதும் கேளாமலே இரண்டு தட்டு வைத்தான். அவனுக்கு என்ன சொல்ல? இரண்டையும் சாப்பிட்டேன்.

நீங்கள் வேலை செய்த மெக்சிக்கன் கடைக்குத்தான் போகப் பயமாக இருந்தது. வேலை முடிந்து அந்தத் தெருவால் வருவேன், கதவுக்கு எதிர்ப்பக்கம் நிற்பேன், திரும்பிவிடுவேன். ஒரு நாள் லூப்பே ஜன்னலுக்குள்ளால் கண்டுவிட்டாள். உங்கள் முதலாளி லூப்பேதான், மெக்சிக்கோவில் பிறந்து பலெர்மோக்காரரைக் கட்டினவள். ஏப்ரனோடு தெருவைக் கடந்து வந்து என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். குசினிக் கதவுக்குப் பக்கத்து மேசையில் இருத்தி, கோழிச் சூப்பை முன்னால் வைத்தாள். பெப்பேயின் பெண்சாதி இப்படியா மெலிவது என்று ஏசினாள். உங்களை அங்கே எல்லோரும் பெப்பே என்றுதானே கூப்பிடுவார்கள்.

எனக்குத் தெரிந்த இத்தாலியனில் அடுப்புக் கதையைச் சொன்னேன். அவளுக்கு விளங்காது என்று நினைத்தேன். அவளோ, தங்கள் ஊரில் செத்தவர்களுக்கும் சாப்பாடு வைப்பார்கள் என்றாள், ஆனால் அதற்காகப் பெண்சாதியைப் பட்டினி போடுவதில்லையாம். பெப்பே மண்ணுக்குப் போகும்வரை உன் அடுப்பு இங்கே எரியட்டும் என்றாள். அதற்குப் பிறகு என்ன கதை? ஒவ்வொரு பின்னேரமும் அந்த மேசைதான்.

கோவில் சனத்தைத்தான் உங்களுக்குத் தெரியுமே. ஞாயிறு பூசை முடிந்து வாசலில் நிற்க ரோசலின் அக்கா வந்தார். நாலு பேருக்குக் கேட்கத்தான் கதைத்தார்.

"என்ன, கடை கடையாய்த் திரியிறீராம். மனுசன் இன்னும் தட்டிலை கிடக்கிறார். செத்த வீட்டுக்காரி ரெஸ்ரோரண்டிலை இருந்து சாப்பிடுறது எந்த ஊர் வழக்கம்?"

நானும் சொன்னேன்.

"அடுப்பு மூட்டாதையும் எண்டது நீங்கள்தான் அக்கா. அயல் தந்தால் சாப்பிடலாம்தானே? இப்ப என்ரை அயல் லூப்பேதான்."

அக்கா திரும்பிப் போய்விட்டார். ஆனால் அந்தக் கிழமையே ஒரு சட்டி மீன் குழம்போடு வீட்டு மணியை அடித்தார். தூளை அள்ளிக் கொட்டியிருந்தார். கோபமாகவும் இருக்கலாம், அன்பாகவும் இருக்கலாம். எப்படியோ, அது எனக்கு ருசித்தது.

உள்ளதைச் சொன்னால், நான் பயந்தது சனத்துக்கு இல்லை. அனீற்றாவுக்குத்தான். நீங்கள் போனதிலிருந்து பிள்ளை உங்களைப் பற்றி ஒரு சொல்லும் கதைக்கவில்லை. வேலையால் வந்து கட்டிலில் இருந்து பாணைக் கடிப்பாள், விளக்கை நூர்ப்பாள். என்னோடு கடைக்கும் வரமாட்டாள். மழை விடாமல் பெய்த ஒரு நாள் குசினி வாசலில் வந்து நின்றாள்.

"அப்பா குளிருக்கை கிடக்கிறார் எண்டதுக்காக என்னையும் குளிருக்கை வைச்சிருக்கிறீங்கள், மம்மா."

எழும்பிப் போய்த் துணியை எடுத்தேன். திருகியில் கையை வைத்தேன். திருக முடியவில்லை. அப்படியே நின்று அழுதேன். செத்த மனுசனுக்காக உயிரோடு இருக்கிற பிள்ளையை வாட்டுகிறேனோ என்று அன்றைக்கு என்னையே கேட்டேன். நீங்கள் என்ன சொல்லியிருப்பீர்கள்? மூட்டடி என்றுதான் சொல்லியிருப்பீர்கள். ஆனால் நீங்கள் அங்கே காத்துக்கொண்டிருந்தீர்களே.

அவள்தான் வந்து துணியை வாங்கி, அடுப்புக்கு மேலே நேராக விரித்துவிட்டாள். "சரி, வாங்கோ. லூப்பேட்டைப் போவம்" என்றாள்.

அன்றைக்கு லூப்பே அனீற்றாவைத் தன் பக்கத்தில் இருத்தி உங்கள் முதல் நாள் வேலைக் கதையைச் சொன்னாள். அவக்காடோவை, அதுதான் எங்கள் ஆனைக்கொய்யாவை, மசித்துத் தரச் சொன்னாளாம். நீங்கள் அழகாக மசித்து, எங்கள் ஊரில் செய்கிற மாதிரி சீனியும் பாலும் போட்டுக் கலக்கிக் கொடுத்தீர்களாம். ஒரு பெரிய சட்டி நிறைய. அவர்கள் அதில் உப்பும் வெங்காயமும் மிளகாயும் அல்லவோ போடுவார்கள். முழுக் குசினியும் உங்களைச் சுற்றி நின்று பார்த்ததாம். நீங்களோ முகத்தை மாற்றாமல், இது சாப்பாட்டுக்குப் பிறகு சாப்பிடுவது என்று சொல்லி எல்லோருக்கும் கரண்டியால் கொடுத்தீர்களாம். எனக்கு இதை ஏன் சொல்லவேயில்லை? வெட்கமோ?

அனீற்றா சிரித்தாள். சிரிக்கச் சிரிக்கக் கண்ணால் தண்ணி ஓடியது. பிறகு அவளே ஒரு கதை சொன்னாள், அதற்கு லூப்பே ஒன்று, பிறகு நான் ஒன்று. அன்றையிலிருந்து மகள் ஒவ்வொரு பின்னேரமும் வந்தாள். உங்களைப் பற்றிக் கதைக்க எங்களுக்கு ஒரு மேசை இருந்தது.

இடம் வந்துவிட்டது என்ற செய்தி கைத்தொலைபேசியில் வந்தபோது சிஞ்ஞோரா வீட்டில் கத்தரிக்காய் பொரித்துக்கொண்டிருந்தேன். அப்படியே நிலத்தில் இருந்துவிட்டேன். சிஞ்ஞோராதான் ஓடி வந்து நெருப்பை நிற்பாட்டினார்.

செவ்வாய்க்கிழமை வெயில் நல்லாக எறித்தது. உங்களை எடுக்கும்போது பார்த்தேன், கீழ்த் தட்டு வெறுமை. கொன்செத்தா அம்மாவும் மண்ணுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டார். சுவாமியார் குழியை மந்திரித்தார். லூப்பே கடையைப் பூட்டிவிட்டுப் புருசனோடு வந்திருந்தாள். நாங்கள் மண் போடுவதைப் பார்த்து அவர்களும் போட்டார்கள். பெட்டியில் மண் விழுந்த சத்தம் கேட்டபோது என் தோள் தானாக இறங்கியது. இவ்வளவு நாளும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறேன், அது எனக்கே அப்போதுதான் தெரிந்தது. சந்தோசம் என்று எழுதினால் சனம் என்ன நினைக்குமோ? ஆனால் அது சந்தோசம்தான்.

வீட்டுக்கு வந்து கால் முகம் கழுவினோம். ரோசலின் அக்காவே சொன்னார், "இனி மூட்டும், பிள்ளை" என்று. திருகினால் பற்றவில்லை. ஓட்டை எல்லாம் தூசி அடைத்துக் கிடந்தது. அனீற்றா ஊசியால் குத்திக் குத்தித் துப்பரவாக்கினாள். பிறகு பக்கென்று நீலமாகப் பிடித்தது. நான் அரிசி களையத் தொடங்கினேன்.

சோறும் பருப்பும் மீன் சொதியும் வைத்தேன். லூப்பே சொதியைக் கோப்பையில் விட்டுக் குடித்துவிட்டு, நல்லது, ஆனால் உறைப்பு எங்கே என்று கேட்டாள். அதை மொழிபெயர்த்துச் சொன்னதும் அக்கா அவளை மேலும் கீழும் பார்த்தார். வெளிக்கிடும்போது என் காதுக்குள் கேட்டார்.

"அந்தக் கடை எங்கை இருக்கு? என்னையும் ஒருக்காக் கூட்டிக்கொண்டு போமன்."

கூட்டிக்கொண்டு போவேன். வியா மக்வேதாவுக்கும் போவோம், குழைந்த சோற்றுக் கடைக்கும் போவோம். இனிப் போவது ஆசைக்குத்தான்.

ஒன்று மட்டும் உங்களுக்குச் சத்தியமாகச் சொல்லுகிறேன். அனீற்றாவுக்கு இத்தாலியின் வடக்குப் பக்கம் வேலை கிடைக்கும் போல இருக்கிறது. போகச் சொல்லியிருக்கிறேன். அவள் போய், வீட்டில் நான் ஒருத்திதான் என்று வந்தாலும் அடுப்பை மூட்டுவேன். ஒரு பிடி அரிசி என்றாலும் போடுவேன். ஒருத்திக்காகச் சமைப்பதோ என்று அலுத்துப் பட்டினி கிடக்க மாட்டேன்.

என்னை நினைத்துக்கொண்டு கிடக்காதேங்கோ. ஆறுதலாகப் படுங்கோ. நான் சாப்பிட்டுவிட்டேன்.

உங்கள் மனைவி, அனீற்றாவின் அம்மா,
ஞானசீலி