காற்று போனால் நிற்கும் பஸ்

அக். 14, செவ்வாய்
காலையிலிருந்து தூறல். துணி காயவில்லை. வெள்ளிக்கிழமை வகுப்பில் விவாதம்: நம்பகமானது எளிய கருவியா, சிக்கலானதா? நான் எளியதன் பக்கம். என் குறிப்பு: சைக்கிள் பிரேக். ஒரு கம்பி, ரப்பர் கட்டை. கெட்டுப்போக வேறென்ன இருக்கிறது? எதிரணி செல்வி: பஸ்சில் காற்றுதான் பிரேக்கை விலக்கி வைத்திருக்கிறதாம். காற்று கசிந்தால் ஸ்பிரிங் தானே சக்கரத்தை இறுக்கிவிடுமாம். பதில் யோசிக்கணும்.
அப்பாவுக்கு வயிற்றுவலி. கிழங்கு சேரவில்லை என்கிறார்.

அக். 15, புதன்

வலி வலப்பக்கம் இறங்கிவிட்டது. சுகாதார நிலைய டாக்டர்: குடல்வால், உடனே நாமக்கல் ஆஸ்பத்திரி. ஆம்புலன்ஸ் வேறொருவரோடு கீழே போயிருந்தது. சோளக்காடு ஸ்டாப்பில் மலையிறங்க நின்ற பஸ்சில் ஏறினோம்.
பாதி மலையில், வளைவில், புஸ்ஸென்று சத்தம். காற்றுக்குழாய் கிழிந்து பஸ் குறுக்கே நின்றுவிட்டது. பின்னால் வந்த வண்டிகளுக்கும் வழியில்லை. அப்பா சீட்டில் சுருண்டு.
கண்டக்டர்: "பழைய வண்டின்னா உருட்டிக்கிட்டே எறக்கியிருப்பாங்க."
பின்சீட்டுக்காரர்: "ஆமாங்க, ரோடே இல்லாம நேரா எறக்கியிருப்பாங்க." சிரிப்பு வேறு.
ஸ்பிரிங்கைத் திருகித் தளர்த்தினால் பஸ் நகருமாம். அப்புறம் பிரேக்கே இருக்காது.
"தளர்த்தி வுடுங்கண்ணா, மெதுவா போயிரலாம்." கேட்டது நான்தான். பஸ் நிறைய ஆட்கள் இருக்கும்போது.
"முடியாது கண்ணு," என்றார் டிரைவர்.
"எங்கப்பா செத்தா நீங்கதான் காரணம்."
இறங்கிப்போய்ச் சக்கரத்துக்குக் கல் வைத்தார்.
கொஞ்ச நேரத்தில் அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். "வலி நின்னுருச்சு சாமி." அம்மா கும்பிட்டாள். எனக்கும் சந்தோஷம். பிறகு கீழிருந்து வந்த காய்கறி வண்டி திரும்பி எங்களை ஏற்றிக்கொண்டது.

அக். 16, வியாழன், நாமக்கல் ஆஸ்பத்திரி
"வலி எப்ப நின்னுச்சு?" என்றார் டாக்டர். சொன்னேன்.
"அப்பத்தான் வெடிச்சிருக்கு."
ஆபரேஷன் முடிந்தது. சீழ் பரவிவிட்டது. காய்ச்சல். கண் திறக்கவில்லை.
உடம்பைவிடச் சிக்கலானது எது? அதுவும் கத்திக் கத்திச் சொன்னது. கத்துவதை நிறுத்தியதும் சரியாகிவிட்டது என்று நினைத்தோம். பஸ் கெட்டதாவது எல்லோருக்கும் தெரிந்தது.
அம்மா சாப்பிடவில்லை. நானும்.

அக். 17, வெள்ளி
வெயில். செல்வி போன். எடுக்கவில்லை.
டிரைவர் அண்ணா பன் வாங்கி வந்தார். பெஞ்சு ஓரத்தில் உட்கார்ந்தார். "அப்பாவுக்கு எப்படி இருக்கு கண்ணு?"
அவர் செய்தது சரி. தெரியும். தளர்த்தியிருந்தால் எல்லோரும் பள்ளத்தில். ஆனாலும் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.
"கேக்கறாங்கல்ல, சொல்லு," என்றாள் அம்மா.
உள்ளேயிருந்து அப்பா பெயரைச் சொல்லி நர்ஸ்: "பெருமாள் கூட யாரு? சீக்கிரம் வாங்க!"
எனக்கு முன்னால் டிரைவர் அண்ணாதான் ஓடினார்.