ஒரு ஆள் ரேட்டு

சதுரங்கப்பட்டினம்
ஜனவரி 19, ஞாயிறு

அன்பு மகள் ஜாக்குலினுக்கு அம்மா எழுதுவது. ஆண்டவர் கிருபையால் நானும் அப்பாவும் உயிரோட இருக்கோம், நீயும் அங்க வேளைக்குச் சாப்பிட்டு உடம்பைப் பாத்துக்கணும்னு தினமும் ஜெபத்துல கேக்கறேன். இந்த இடத்துல எல்லாரும் சுகம்னு எழுதறது வழக்கம், எனக்கு அந்த வார்த்தை வரலை, விட்டுட்டேன். நீ போனை எடுத்து ரெண்டரை மாசத்துக்கு மேல ஆகுது. மெசேஜ் போட்டா நல்லா இருக்கேன் வேலை ஜாஸ்தின்னு ஒரு வரி வருது. வாய்ஸ்ல பேசி அனுப்பிடலாம்னு நாலஞ்சு தடவை ஆரம்பிச்சேன், என் குரலை நானே கேக்க முடியாம அழிச்சிட்டேன். நம்ம தெரு ஸ்டான்லி லீவு முடிஞ்சு வியாழக்கிழமை மஸ்கட் திரும்பறான், அவன் கையில இதை ஒட்டிக் குடுக்கறேன், பிரிக்க மாட்டான். கூட எலுமிச்சை ஊறுகாயும் நெத்திலிக் கருவாடும் வச்சிருக்கேன், கருவாட்டை மூணு கவர்ல சுத்தியிருக்கேன், ரூம்ல இருக்கற பொண்ணுங்க வாசனைக்குச் சண்டை போடாம பாத்துக்கோ. அப்பாவுக்கு முட்டி வலி அப்படியேதான் இருக்கு, கேளம்பாக்கத்துல செக்யூரிட்டி வேலைக்கு இன்னும் போய்கினு இருக்காரு, இப்பதான் உக்கார ஒரு நாற்காலி குடுத்திருக்காங்களாம். கிறிஸ்துமஸுக்கு நம்ம வீட்ல ஸ்டார் கட்டலை, கேக்கும் செய்யலை. மழை நின்னு பத்து நாளாச்சு, சுவத்து ஈரம் மட்டும் போகலை.

இனி சொல்ல வந்ததைச் சொல்றேன். உங்க மாமா ஜெபசிங் செத்ததுக்கு நீ போட்ட ரேட் லிஸ்ட்தான் காரணம்னு உன் காதுக்கு வந்திருக்கு. வேலை முடிஞ்சு ரூமுக்குப் போனா அதையே நினைச்சுகினு அழறேன்னு நீ ஸ்டான்லிகிட்ட சொன்னியாம், டிசம்பர்ல அவன் வந்தப்ப என்கிட்ட சொன்னான். ஜாக்கு, அது பொய். அந்தப் பொய்யை முதல்ல சொன்ன வாய் என் வாய்தான்.

நீ மறக்க மாட்டே, இருந்தாலும் முதல்லேர்ந்து எழுதறேன், எழுதினாத்தான் எனக்கே வரிசையா வரும். ரிசார்ட்ல பதினொரு வருஷம் ஹவுஸ்கீப்பிங் பாத்துட்டு, அவங்க வித்த பழைய மிஷினை வாங்கி, நானும் தம்பி ஜெபசிங்கும் அவன் பொண்டாட்டி கன்னியம்மாவும் மூணு வருஷமா கார்பெட், சோபா கழுவற வேலை பண்ணோம். நான் போன் எடுத்து ரேட்டு பேசுவேன், அவங்க ரெண்டு பேரும் வேலைக்குப் போவாங்க. அவன் மிஷின் ஓட்டுவான், அவ ஒயரை ஈரத்துல படாம தூக்கிப் பிடிச்சுகினு சுவிட்ச் போர்டு பக்கத்துல நிப்பா. போன ஜூன்ல லீவுக்கு வந்தப்ப நீதான் சொன்னே, நாவலூர்ல வாடகைக்கு இருக்கறவங்க நம்ம ரேட்டு குடுக்க மாட்டாங்கம்மா, கையைக் கடிக்குதுன்னுதான் கழுவாம விட்டுடறாங்க, அவங்களுக்குன்னு ஒண்ணு வைக்கணும்னு. நீயே உக்காந்து உன் கையால எழுதினே. முழுசா கழுவி மிஷின்ல காய வச்சா சதுர அடிக்குப் பதினெட்டு. காய வைக்காம விட்டா பதினாலு. கையில டப்பு கம்மியா இருக்கறவங்களுக்குப் பதினொண்ணு, அதுக்கு அவங்களே சோபா கட்டிலெல்லாம் நகர்த்தி வச்சு பெருக்கி வைக்கணும், நடக்கற இடம் மட்டும் கழுவுவோம், ஒரே பிளாக்ல ரெண்டு வீடா சேத்துக் கூப்பிடணும். நம்ம நேரத்துல மிச்சம் பிடிச்சு அவங்களுக்குக் குறைக்கலாம்னு நீ சொன்னது எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. கடைசி வரியில, எந்த ரேட்டா இருந்தாலும் வேலைக்கு ரெண்டு ஆள்னு எழுதி அடியில கோடு போட்டே.

ஆகஸ்ட்ல யாரோ அபார்ட்மெண்ட் வாட்ஸப் குரூப்ல ஒம்பது ரூபாய்க்குப் பண்றேன்னு போட்டுட்டான். அந்த வாரம் எட்டு வீடு கூப்பிட்டு, நம்ம ரேட்டைக் கேட்டுட்டு பாக்கறோம்னு வச்சிட்டாங்க. நான் உக்காந்து யோசிச்சேன். ஒரு ஆள் கூலியும் பஸ் சார்ஜும் போனா எட்டு ரூபாய்க்கே பண்ணலாம்னு தோணுச்சு. பேனாவை எடுத்து உன் கடைசி வரியை அடிச்சேன். கன்னியம்மாகிட்ட, சின்ன வீட்டுக்கெல்லாம் அவன் ஒருத்தனே போதும், நீ பொண்ணுங்களைப் பாத்துகினு வூட்ல இரும்மான்னு ஏதோ அவளுக்கு நல்லது பண்ற மாதிரி சொன்னேன். ஜெபசிங் மட்டும் கேட்டான், ஒயரை யாருக்கா புடிப்பாங்கன்னு. தோள்ல போட்டுக்கோடான்னு சொன்னேன். அந்த ஒயர்ல எலி கடிச்ச இடத்துல ஜாயின்ட் போட்டு டேப் சுத்தியிருந்துச்சு, மாத்தணும்க்கான்னு ரெண்டு தடவை சொன்னான். தீபாவளி சீசன் முடியட்டும்னேன். அந்த ரேட்டுக்கு ஆளுங்க வந்தாங்க. செப்டம்பர்ல மட்டும் பத்தொம்பது வீடு. உனக்குக்கூட பெருமையா மெசேஜ் போட்டேன், நீ கைதட்டற படம் அனுப்பினே. ரேட்டை எப்படிக் குறைச்சேன்னு நான் சொல்லலை, நீயும் கேக்கலை.

அக்டோபர் கடைசியில நாவலூர்லேர்ந்து இனியன்னு ஒரு பையன் கூப்பிட்டான். வேலையிலேர்ந்து எடுத்துட்டாங்களாம், வீட்டைக் காலி பண்ணிட்டு சேலத்துக்கே போறானாம், கார்பெட் குடுத்த மாதிரி இருந்தாத்தான் அட்வான்ஸைத் தருவேன்னு ஓனர் சொல்லிட்டாராம். எட்டுன்னு சொன்னாங்கக்கா, ஏழு பண்ண முடியுமா, ஹால் மட்டும்தான்னு கெஞ்சினான். பாவமா இருந்துச்சு, சரின்னேன். மறுநாள் காலையில தூறல்ல ஜெபசிங் மிஷினை வண்டியில கட்டிகினு போனான். தெருமுனையில நின்னு, ரெயின்கோட் பட்டன் போயிடுச்சுக்கா, வந்து தைச்சுக் குடுன்னு கத்திட்டுப் போனான். அதான் அவன் என்கிட்ட கடைசியா பேசினது.

அந்தப் பையனுக்கு அன்னிக்கு கம்ப்யூட்டர்ல ஒரு இன்டர்வியூ. ஒரு மணி நேரம் கூப்பிடாதீங்கண்ணான்னு சொல்லிட்டு, ஹெட்போனைக் காதுல மாட்டிகினு உள் ரூம்ல கதவைச் சாத்திகினான். நடுவுல ஒரு தடவை காதுலேர்ந்து எடுத்துப் பாத்தானாம், மிஷின் சத்தம் கேட்டுச்சாம், வேலை நடக்குதுன்னு விட்டுட்டான். வெளிய வந்து பாத்தா ஜெபசிங் நுரையில குப்புற விழுந்து கிடந்தான், மிஷின் ஓடிகினே இருந்துச்சு. ஷாக் அடிச்சா தானா நிக்கற சுவிட்சு அந்த வீட்ல இல்லை. எவ்வளவு நேரம் அப்படிக் கிடந்தான்னு யாருக்கும் தெரியாது. பையன் சுவிட்சை ஆஃப் பண்ணிட்டு எனக்குப் போன் பண்ணான், அக்கா, அண்ணன் எழுந்திருக்க மாட்டேங்கறாருன்னு. நான் அரிசி களைஞ்சுகினு இருந்தேன். தூங்கறானா பாருன்னு சொன்னேன் ஜாக்கு, அப்படித்தான் சொன்னேன்.

செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில போஸ்ட்மார்ட்டம் முடிஞ்சு மறுநாள் மத்தியானம்தான் உடம்பு வந்துச்சு. பெட்டியை வாசல்ல வச்சிருக்கு, தெருவே நிக்குது, கன்னியம்மா என் ரெண்டு கையையும் பிடிச்சுகினு கேட்டா, இன்னாத்துக்கு அண்ணி அவர ஒண்டியா அனுப்பினே, நான் வந்திருப்பேனேன்னு. எல்லாரும் என்னைப் பாத்தாங்க. அது ஜாக்கு போட்ட ரேட்டு, அந்த ரேட்டுக்கு ஒரு ஆள்தான்னு சொல்லிட்டேன். உன் பேரு எப்படி வாயில வந்துச்சுன்னு தெரியலைன்னு இவ்வளவு நாள் எனக்கு நானே சொல்லிகினு இருந்தேன். தெரியும். நீ தூரத்துல இருக்கே, உன்னை யாரும் மூஞ்சிக்கு நேரா கேக்க முடியாது. அதான். கல்லறைத் தோட்டத்துக்கு அந்த இனியனும் வந்திருந்தான், உள்ள வராம கேட்டுக்கு வெளியவே நனைஞ்சுகினு நின்னான். எல்லாரும் போனப்புறம் என்கிட்ட வந்து, முழு ரேட்டு குடுத்திருந்தா ரெண்டு பேர் வந்திருப்பாங்களாக்கான்னு கேட்டான். மழையில நிக்காதே, ஊருக்குப் போப்பான்னு அனுப்பிட்டேன். இன்னொரு வீட்டுப் பிள்ளையும் ராத்திரி தூங்காம இருக்கான்னா அதுவும் என்னாலதான்.

ஸ்டான்லி வந்து உன்னைப் பத்தி சொன்னதும் அப்பாகிட்ட சொன்னேன், போய் உண்மையைச் சொல்லிடறேன்னு. அவர் வேணாம்னுட்டாரு. போனவன் வரப் போறதில்ல, பொண்ணு ரெண்டு மாசத்துல சரியாயிடுவா, நீ சொன்னா இந்தத் தெருவுல நாம தலை காட்ட முடியாதுன்னாரு. அவரைத் தப்பா நினைக்காதே, எனக்கு என்ன ஆயிடுமோங்கற பயத்துல சொன்னாரு. கிறிஸ்துமஸ் முடியற வரைக்கும் நானும் அதைப் பிடிச்சுகினு இருந்தேன். புத்தாண்டு ஆராதனையில கன்னியம்மாவோட சின்னப் பொண்ணு என் பக்கத்துல வந்து உக்காந்து, ஜாக்கு அக்கா ஏன் எங்கப்பாவைக் கொன்னாங்கன்னு மெதுவா கேட்டுச்சு. ஏழு வயசு. அதுக்கப்புறம் என்னால முடியலை.

மறுநாள் காலையில உன் லிஸ்ட்டை எடுத்துகினு அவ வூட்டுக்குப் போனேன். அவ துணி துவைச்சுகினு இருந்தா, கையைத் துடைச்சிட்டு வாங்கிப் படிச்சா. ரெண்டு தடவை படிச்சா. இத அடிச்சது யாருன்னு கேட்டா. நான்தான்னேன். அவருக்குத் தெரியுமான்னா. தெரியும், ஒயரை யாரு புடிப்பாங்கன்னு கேட்டான், தோள்ல போட்டுக்கோன்னு சொன்னேன், ஜாயின்ட் பத்தியும் சொன்னான், நான்தான் அப்புறம் பாக்கலாம்னுட்டேன்னு எல்லாத்தையும் சொன்னேன். அடிப்பான்னு நினைச்சேன், அடிச்சிருந்தா தேவலை. தாளை மடிச்சு ஜாக்கெட்டுல வச்சுகினு, போ அண்ணின்னு ஒரு வார்த்தை சொல்லிட்டு மறுபடியும் துணிகிட்ட உக்காந்துட்டா. ஞாயித்துக்கிழமை ஆராதனை முடிஞ்சு எல்லாரும் வெளிய வரும்போது கோயில் கேட்டுப் பக்கத்துல நின்னுகினு அந்தத் தாளை விரிச்சுக் காட்டி சொன்னா, ஜாக்கு மேல ஒரு தப்பும் இல்ல, அந்தப் பொண்ணு ரெண்டு ஆள்னுதான் எழுதியிருக்குது, அடிச்சது எங்க அண்ணி, யாராச்சும் இனிமே அந்தப் பொண்ணு பேரை எடுத்தீங்கன்னா என்னாண்ட வந்து பேசுங்கன்னு. நான் அங்கதான் நின்னுகினு இருந்தேன். இப்ப கோயில்ல என் பக்கத்துல அப்பா மட்டும்தான் உக்கார்றாரு.

அதுக்கு மூணாம் நாள் கன்னியம்மா நம்ம வாசல்ல வந்து நின்னா, உள்ள வரலை. ரெண்டு பொண்ணு கீது எனக்கு, தெரிஞ்ச வேலை இது ஒண்ணுதான், நீ மிஷின் ஓட்டு, நான் ஒயரப் பாத்துக்கறேன், வேற யாரையும் இனிமே உன்ன நம்பி அனுப்ப மாட்டேன்னா. பழைய மிஷின் இன்னும் போலீஸ் ஸ்டேஷன்ல இருக்கு, மாமல்லபுரத்துல ஒரு லாட்ஜ்காரர்கிட்ட நாள் வாடகைக்கு எடுத்தோம், அவ ஒயரை இந்த முனையிலேர்ந்து அந்த முனை வரைக்கும் விரலால தடவிப் பாத்துட்டுத்தான் வண்டியில ஏத்தினா. முதல் வேலை அங்கயே நரசிம்மன்னு ஒரு ரிட்டயர்டு வாத்தியார் வீடு. போன தடவை கீழ் வீட்டுக்கு எட்டு ரூபாய்க்குப் பண்ணீங்களே, ஒரு ஆள் வந்தா போதுமே, பென்ஷன்ல ஓட்டறேன்மான்னாரு. கன்னியம்மாதான், அந்த ரேட்டு இனிமே இல்ல சார், பதினொண்ணு, ரெண்டு பேர் வருவோம், சோபாவ நீங்களே நகர்த்திட்டு நடுவுல மட்டும் கழுவினா உங்களுக்கு மொத்தத்துல குறையும், கட்டாதுன்னா விட்டுடுங்கன்னா. அவர் பேரனோட சேர்ந்து சோபாவை நகர்த்தினாரு. நுரை போட்ட கார்பெட்ல நான் மிஷினைப் பிடிச்சுகினு நிக்கறேன், சுவிட்சுல கை வச்சுகினு அவ நிக்கறா. கையைப் புடவையில துடைச்சிட்டு மறுபடியும் பிடிச்சேன். பயமா கீதா அண்ணின்னு கேட்டா. ஆமான்னேன். அவருக்கும் அப்படித்தான் இருந்திருக்கும்னு சொல்லிட்டு சுவிட்சைப் போட்டா. இதுவரைக்கும் மூணு வீடு முடிச்சிருக்கோம். ரேட்டு கேட்டுட்டு வச்சிட்டவங்கதான் நிறைய. வேலை நேரத்துல போடு, நிறுத்து, தள்ளு, இந்த மூணு வார்த்தைதான் என்கிட்ட பேசறா.

நேத்து மிஷினைத் திருப்பிக் குடுத்துட்டு வரும்போது பஸ்ல அவளாவே வாயைத் திறந்தா. ஜாக்கு பேசறாளான்னு கேட்டா. இல்லைன்னேன். என்னாண்ட பேசச் சொல்லுன்னா. அதனால 31ஆம் தேதி வெள்ளிக்கிழமை, உனக்கு லீவு நாள், உன் டயத்துக்கு நாலு மணி, இங்க அஞ்சரை, அவ போன் பண்ணுவா. உங்க மாமா நம்பர்லேர்ந்துதான் வரும், அந்த போனைத்தான் இப்ப அவ வச்சிருக்கா, அவன் போட்டோவோட பேரு வந்தா பயந்துடாதே, எடு. என்னைப் பத்தி என்ன வேணும்னாலும் ரெண்டு பேரும் பேசிக்கோங்க. அந்த நேரம் நான் அந்தப் பக்கமே இருக்க மாட்டேன், கடற்கரைக்குப் போயிடுவேன். என்கிட்ட எப்ப பேசணும்னு தோணுதோ அப்ப பேசு, தோணலைன்னாலும் சரி.

ஆண்டவர் உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக. நீ வேலை பாக்கற லாண்டரியில ஈரத் தரையில வெறுங்காலோட நிக்காதே, தனியா மிஷின் போடச் சொன்னா முடியாதுன்னு சொல்லிடு, வேலை போனாலும் பரவாயில்லை, ஊருக்கு வந்துடு.

இப்படிக்கு,
அந்த வரியை அடித்த உன் அம்மா
ஹெலன்