மே முதலாம் திகதிக்குள்

அஜின்கோர்ட், ஸ்காபரோ
9 மார்ச் 1996

மொன்றியல் மாநகரில் இரட்டைக் குழந்தைகளின் தலைமைப் பராமரிப்பு அதிகாரியாகப் பதவியேற்றிருக்கும் என் மருமகள் தேனுகாவுக்கு,

அஜின்கோர்ட் சமஸ்தானத்திலிருந்து தம்பிமுத்து மாமா எழுதும் திருமுகம். நான் சுகம். குளிர்தான் அடங்கவில்லை. முந்தநாள் பல்கனியில் நின்று தும்மினேன். தும்மல் உறைந்து ஏழு மாடி கீழே விழுந்து உடைந்த சத்தம் கேட்டது. கீழ்வீட்டுக்காரன் மேலே வந்து முறைப்பாடு செய்துவிட்டுப் போனான்.

உன் சின்னம்மா மங்கையற்கரசிக்கு என் கண்டனத்தைத் தெரிவி. என் தங்கச்சி ஒரு பிள்ளை பெறுவாள், அதைப் பார்க்க நீ ஒரு மாதம் போய் நிற்பாய் என்றுதான் ஒப்பந்தம். இரண்டு பெற்றது ஒப்பந்த மீறல். ஜனவரியில் ஹைஸ்கூல் முடித்த பிள்ளையை ஓகஸ்ட் வரைக்கும் வாடகைக்கு எடுத்துவிட்டாள்.

சரி, அரச விடயத்துக்கு வருகிறேன். செவ்வாய்க்கிழமை உனக்கு இரண்டு கடிதங்கள் வந்தன. உடைத்தேன். பன்னிரண்டு வயதில் நீ இந்த வீட்டுக்கு வந்த நாள் தொடக்கம் உன் தபாலை உடைப்பது பாதுகாவலன் என்ற வகையில் என் பிறப்புரிமை.

முதலாவது, டவுன்டவுனில் இருக்கும் பெரிய பல்கலைக்கழகம். விஞ்ஞானப் பிரிவில் இடம் தந்திருக்கிறார்கள். ஐம்பதினாயிரம் பேர் படிக்கிறார்கள். ஒரு மண்டபத்தின் முன்வரிசையில் விடியும்போது பின்வரிசையில் இன்னும் முதல்நாள் பொழுதே படவில்லை என்று கேள்வி. இரண்டாவது, நியூ பிரன்ஸ்விக்கில் ஒரு சின்னக் கல்லூரி. வரைபடத்தில் என் கட்டைவிரலை வைத்தேன், ஊர் மறைந்துவிட்டது. மொத்தம் எழுநூறு மாணவர்கள். எங்கள் கட்டடத்தில் லிஃப்ட் பழுதாகிற நாளில் படிக்கட்டில் அதைவிடக் கூடச் சனம் நிற்கும். முழுப் புலமைப்பரிசிலாம், தங்க இடமும் சேர்த்து. என்ன படிப்பிக்கிறார்கள் என்று தேடினேன். தத்துவம், வரலாறு, இலக்கியம், கொஞ்சம் நட்சத்திரம் என்று எல்லாமே படிப்பிக்கிறார்கள். படித்து முடித்தவன் திங்கட்கிழமை எங்கே வேலைக்குப் போவான் என்று மட்டும் எந்தப் பக்கத்திலும் இல்லை.

சின்ன இடத்துக்காரருக்கு உன் பதில் மே முதலாம் திகதிக்குள் கிடைக்க வேண்டுமாம். பிந்தினால் அடுத்த ஆளுக்குக் கொடுத்துவிடுவார்கள். யோசிக்க ஒன்றுமில்லை என்று நினைக்கிறேன். ஆனாலும் யோசி.

இப்படிக்கு,
காருக்குக் கதவு செய்யும் தொழிற்சாலையின் ஒளிவிளக்கு,
தம்பிமுத்து மாமா


மொன்றியல்
21 மார்ச் 1996

அன்புள்ள மாமாவுக்கு,

தொட்டிலில் இருக்கிற இரண்டு குட்டி அதிகாரிகளும் இப்போதுதான் நித்திரை. ஒருவன் எழும்பினால் மற்றவனை உதைத்து எழுப்புவான், அதற்குள் எழுதி முடிக்க வேண்டும். கடிதங்களை உடைத்ததற்கு மன்னிப்பு வழங்கப்படுகிறது. வேறு வழி இருக்கிறதா என்ன.

மாமா, நான் சின்ன இடத்துக்குத்தான் போக விரும்புகிறேன். சிரிக்காமல் கேளுங்கள். அங்கே ஒரு வகுப்பில் பன்னிரண்டு பேர். மேசையைச் சுற்றியிருந்து ஒரு புத்தகத்தைப் படித்துவிட்டு அதைப் பற்றிக் கதைக்க வேண்டும். செலீன் என்று அங்கே படிப்பிக்கிற ஒருவர் இந்த வீட்டுக்கே ரெலிபோன் எடுத்தார். நான் விண்ணப்பத்தோடு அனுப்பிய கட்டுரையை இரண்டு தரம் வாசித்தாராம். அதில் ஒரு இடத்தை எடுத்து, ஏன் இப்படி நினைக்கிறாய் என்று கேட்டார். எனக்கு வாய் வரவில்லை. அவர் போனை வைக்கவுமில்லை, வேறு கேள்விக்குப் போகவுமில்லை. நான் சொல்லும் வரைக்கும் பேசாமல் இருந்தார். பிறகு நான் நாற்பது நிமிடம் கதைத்தேன். இவ்வளவு நேரம் போனில் நிற்கிறாய், ஆருக்கும் கடும் காய்ச்சலோ என்று சின்னம்மா வந்து கேட்டா.

ஸ்காபரோவில் ஆறு வருடம் படித்தேன். எத்தனை தரம் வகுப்பில் கை உயர்த்தியிருப்பேன் என்று நினைக்கிறீர்கள்? எல்லாப் பாடத்திலும் தொண்ணூறு எடுத்தேன், ஒரு வாத்தியாருக்கும் என் குரல் தெரியாது. பெரிய இடத்துக்குப் போனால் இன்னும் நன்றாக ஒளித்துக்கொள்வேன். எனக்கு என்னைத் தெரியும். பன்னிரண்டு பேருக்குள் ஒளிக்க முடியாது. அது பயமாகத்தான் இருக்கிறது. பயமாக இருப்பதால்தான் போக வேண்டும் என்று நினைக்கிறேன்.

அம்மாவுக்குக் கொழும்புக்கு எழுதியிருக்கிறேன். நீங்களும் சொல்லுங்கள், நீங்கள் சொன்னால் கேட்பா.

அன்புடன்,
தேனுகா


அஜின்கோர்ட்
3 ஏப்ரல் 1996

தத்துவஞானி தேனுகாவின் பாதகமலங்களுக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு மூன்று நாள் உண்ணாவிரதம் இருந்தேன். இடையில் கொத்துரொட்டி சாப்பிட்டது கணக்கில் இல்லை.

பிள்ளை, ஒரு சங்கடம் நடந்துவிட்டது. ஸ்ரீஸ்கந்தராசாவின் கடையில் வெண்டிக்காய் பொறுக்கிக்கொண்டு நின்றபோது அந்தாள் கேட்டார்.

"அண்ணை, மருமகளுக்குக் கம்பஸ் வந்திட்டுதாமே?"

"ஓம். ரெண்டு இடம் வந்திருக்கு. பிள்ளை நியூ பிரன்ஸ்விக் பக்கம் போக யோசிக்கிறா."

"உது எங்கை கிடக்கு? கேள்விப்படாத இடமாக் கிடக்கு. ஏன் அண்ணை, இஞ்சை கிடைக்கேல்லையோ?"

கடையில் பதினைந்து பேர். வெண்டிக்காய்கூடக் காது கொடுத்துக் கேட்டது. நான் என்ன செய்வேன்? "கிடைச்சது. பெரிசு கிடைச்சது" என்றேன். இவ்வளவுதான் சொன்னேன். வெள்ளிக்கிழமை கோயிலில் நூற்றுப் பதினேழு பேர் கைகொடுத்தார்கள். குருக்கள் உன் பெயருக்கு அர்ச்சனை முடித்துவிட்டு, டொக்டர் எப்ப வாறா என்று கேட்டார்.

இது பகிடி. பகிடி இல்லாதது ஒன்றும் இருக்கிறது. உன் அம்மாவைக் கனடாவுக்குக் கூப்பிடுகிற ஸ்பொன்சர் அலுவல் இந்த வருடம் முடியும் என்கிறார்கள். புஸ்பராணி ஆறு வருடத்துக்குப் பிறகு பியர்சன் விமான நிலையத்தில் வந்து இறங்கும்போது பிள்ளை எங்கே என்று கேட்பாள். வரைபடத்தில் என் கட்டைவிரலுக்குக் கீழே என்று சொல்லவா?

போன ஞாயிறு அவளோடு ரெலிபோனில் கதைத்தேன். "அண்ணை, நீங்கள் பாத்துச் செய்யுங்கோ, எனக்கு உது விளங்காது" என்று முடிவை என்னிடம் விட்டுவிட்டாள். நான் அதை உன்னிடம் விடுகிறேன். உனக்குப் பதினெட்டு ஆக இன்னும் நாலு மாதம் இருப்பதால் என் ஒப்பம் வேண்டுமாம். எந்தப் படிவத்தை நீ அனுப்புகிறாயோ அதில் ஒப்பம் விழும். ஸ்காபரோவில் பாதிச் சனத்தின் அகதிப் படிவங்களை நிரப்பிய கை இது. உன்னுடையதை நிரப்பாதா. இது அரச ஆணை, மாற்றமில்லை.

உன் மேலான,
மாமா


மொன்றியல்
17 ஏப்ரல் 1996

அன்புள்ள மாமாவுக்கு,

நீங்கள் இப்படி எழுதுவீர்கள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. சின்னம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். "அண்ணைக்கு எப்ப புத்தி வந்தது" என்று கேட்டா, பிறகு கண்ணைத் துடைத்தா.

படிவத்தை இதற்குள் வைத்திருக்கிறேன். என் ஒப்பம் வைத்தாயிற்று. உங்களுடையது பென்சிலால் புள்ளடி போட்ட இடத்தில். முகவரி எழுதி முத்திரை ஒட்டிய உறையும் இருக்கிறது. திங்கட்கிழமை உங்களுக்குக் கிடைக்கும். அன்றைக்கோ அடுத்த நாளோ போட்டால் மே முதலாம் திகதிக்குள் தாராளமாகப் போய்ச் சேரும். பெரிய இடத்துக்கு வேண்டாம் என்று நான் பிறகு எழுதுவேன்.

அம்மா வருகிற நாளில் எந்தப் பனியிலும் பஸ் பிடித்து வந்து உங்களுக்குப் பக்கத்தில் நிற்பேன். சத்தியம்.

அன்புடன்,
தேனுகா


அஜின்கோர்ட்
10 மே 1996

அன்பின் மருமகளுக்கு,

நவக்கிரகங்கள் ஒன்பதும் கூட்டம் போட்டுத் தம்பிமுத்துவை வீழ்த்த முடிவெடுத்தால் அவன் என்ன செய்வான்?

உன் உறை சொன்னபடி திங்கட்கிழமை வந்தது. ஒப்பம் வைத்தேன். தபாலில் போடச் சப்பாத்தும் போட்டுவிட்டேன். அப்போதுதான் பார்க்கிறேன், அன்றைக்கு அட்டமி. ஒரு பிள்ளையின் எதிர்காலத்தை அட்டமியில் கொண்டுபோய்ப் பெட்டிக்குள் போடுவதா? சரி, நாளைக்கு என்று வைத்தேன். செவ்வாய் நவமி. புதன் மரணயோகம். வியாழன் தொழிற்சாலையில் கூடுதல் வேலை. வெள்ளி ராகுகாலம், அதுவும் இருபத்திநாலு மணிநேர ராகுகாலம், கனடாவில் மட்டும் வருவது. பிறகு சனி, ஞாயிறு. நல்ல நேரம் பார்த்துப் போட்டபோது கனடா தபால்காரனுக்கு எந்தக் கிரகம் பிடித்ததோ, உறை மே மூன்றாம் திகதி போய்ச் சேர்ந்திருக்கிறது.

நேற்று அவர்களின் கடிதம் வந்தது. மனம் வருந்துகிறார்களாம். இடத்தை அடுத்த ஆளுக்குக் கொடுத்துவிட்டார்களாம்.

கவலைப்படாதே, பிள்ளை. நல்ல காலம், நீ பெரிய இடத்துக்கு வேண்டாம் என்று எழுதவில்லை. அது ஐம்பதினாயிரம் கைகளையும் நீட்டிக்கொண்டு நிற்கிறது. உன் அறைக்கு நீலப் பெயின்ற் அடித்திருக்கிறேன். எல்லாம் நன்மைக்குத்தான்.

அன்புடன்,
மாமா


மொன்றியல்
18 மே 1996

மாமாவுக்கு,

சின்னம்மாவின் குசினியில் தமிழ்க்கடைக் கலண்டர் தொங்குகிறது. ஏப்ரல் தாளை இன்னும் கிழித்து எறியவில்லை. திங்கட்கிழமை பஞ்சமி. செவ்வாய் சஷ்டி. புதன் சப்தமி. அட்டமி வந்தது வியாழக்கிழமை.

நீங்கள் பஞ்சாங்கம் பார்க்கிற ஆளில்லை என்று எனக்குத் தெரியும். நான் சோதனைக்குப் போகிற நாளில் ராகுகாலம் என்று அயலட்டைச் சனம் சொன்னால், ராகுவுக்குக் கனடா விசா கிடைக்கவில்லை என்று சொல்லிக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனவர் நீங்கள்.

செலீனோடு கதைத்தேன். உறையில் ஏப்ரல் முப்பதாம் திகதி முத்திரை இருக்கிறது என்றார். அதைவிட இன்னொன்றும் சொன்னார். என் பதில் வரவில்லை என்று இருபத்தொன்பதாம் திகதி அவரே இங்கே எடுத்துப் பார்த்து, ஆள் கிடைக்காமல் விண்ணப்பத்தில் இருந்த ஸ்காபரோ இலக்கத்துக்கு ரெலிபோன் எடுத்தாராம். ஒரு ஆண் பேசினாராம். அவ இன்னும் யோசிக்கிறா, பெரும்பாலும் இங்கேதான் நிற்பா என்று சொன்னாராம். மிகவும் மரியாதையாகப் பேசினார் என்றும் சொன்னார்.

மாமா, நீங்கள் வேண்டாம் என்று எழுதியிருக்கலாம். நான் சண்டை பிடித்திருப்பேன், அழுதிருப்பேன், தோற்றும் இருப்பேன். தோற்றிருந்தால் உங்கள் வீட்டுக்கே வந்து கோபமாக இருந்திருப்பேன். நீங்கள் ஓம் என்று எழுதினீர்கள். பிறகு எனக்குப் பதிலாக நீங்களே இருந்து யோசித்து முடித்துவிட்டீர்கள். அந்த ஒரு கடிதத்துக்காக நான் எவ்வளவு சந்தோசப்பட்டேன் என்று நினைக்க வெட்கமாக இருக்கிறது.

செப்டெம்பரில் பெரிய இடத்துக்குப் போவேன். வேறு இடம் இல்லை. ஆனால் உங்கள் வீட்டுக்கு வரமாட்டேன். ஹைஸ்கூலில் என்னோடு படித்த எமில்டா பார்க்டேலில் அறை எடுக்கிறாள், அவளோடு இருப்பேன். ஓகஸ்டில் எனக்குப் பதினெட்டு. அதற்குப் பிறகு உங்கள் ஒப்பம் தேவையில்லை. என் பெயருக்கு வருகிற தபாலை உடைக்காமல் சின்னம்மாவின் முகவரிக்கு அனுப்பிவிடுங்கள்.

தயவுசெய்து இதற்குப் பகிடியாகப் பதில் எழுத வேண்டாம்.

தேனுகா


அஜின்கோர்ட்
9 நவம்பர் 1996

தேனுகா,

பகிடி வேண்டாம் என்றாய். அது இல்லாமல் எழுதத் தெரியாததால் ஐந்தரை மாதம் எழுதவில்லை.

உறை வந்த திங்கட்கிழமை பின்னேரமே ஒப்பம் வைத்தேன். குளிர்சாதனப் பெட்டிக்கு மேலே வைத்தேன். ஒவ்வொரு நாளும் வேலைக்குப் போகும்போது எடுத்து ஜக்கற்றுக்குள் வைப்பேன். தபால் பெட்டியைக் கடந்து போய், திரும்பி வந்து பழைய இடத்தில் வைப்பேன். உன் எதிர்காலத்துக்காக என்று எனக்கே சொல்லிப் பார்த்தேன். கடைச் சனம், கோயில் சனம், உன் அம்மா என்று மாறிமாறிச் சொல்லிப் பார்த்தேன். நீ மொன்றியல் போன பிறகு இந்த வீட்டில் நான் ரீவியோடு கதைத்துக்கொண்டிருந்தேன். காரணம் அதுதான். அதை எழுதியிருந்தால் நீ என்ன செய்திருப்பாயோ தெரியாது. நான் எழுதவில்லை.

கல்லூரியிலிருந்து அந்த செலீன் அம்மா போன் எடுத்தபோது நான் சொன்னது நீ கேள்விப்பட்டது மாதிரித்தான். ஒரு சொல் கூடக்குறைய இல்லை. போனை வைத்துவிட்டுப் பயந்துபோனேன். அடுத்த நாள் கொண்டுபோய்ப் போட்டேன். பிந்திவிடும் என்று தெரிந்துதான் போட்டேன்.

பார்க்டேல் இலக்கத்துக்கு நாலு தரம் எடுத்தேன். எமில்டா நல்ல பிள்ளை. நீ வீட்டில் இல்லை என்று நாலு தரமும் மரியாதையாகச் சொன்னாள்.

உனக்குச் செவ்வாய்க்கிழமை காலையில் பெரிய மண்டபத்தில் வகுப்பு என்று உன் அம்மா கொழும்பிலிருந்து சொன்னாள். இந்தச் செவ்வாய் லீவு போட்டுவிட்டு வந்தேன். ஆயிரத்துக்கு மேலே இருப்பார்கள். படிப்பிக்கிறவர் கீழே மைக் பிடித்துக்கொண்டு நின்றார், முகம் தெரியவில்லை. என்னை ஒருவரும் ஆர் என்று கேட்கவில்லை. கதவோரம் நின்றேன். கடைசி வரிசையில் சுவரோடு ஒட்டி நீ இருந்தாய். ஒரு மணித்தியாலம் உன்னையே பார்த்துக்கொண்டு நின்றேன். நீ பேனையின் மூடியைத் திறக்கவில்லை. ஒருதரம் ஆரோ பகிடி விட்டு மண்டபமே சிரித்தது, அப்போதும் நீ நிமிரவில்லை. முடிந்ததும் பக்கக் கதவால் போய்விட்டாய். கூப்பிட வாய் வந்தது. கூப்பிடவில்லை.

உனக்குப் பக்கத்தில் இருந்த பிள்ளை புத்தகங்களை அடுக்கிக்கொண்டிருந்தாள். கிட்டப் போய், இதில் இருந்த பிள்ளையை உனக்குத் தெரியுமா என்று கேட்டேன்.

"எந்தப் பிள்ளை?" என்றாள்.

உன் கதிரையைக் காட்டினேன். ஓ, அவளா, செப்டெம்பரிலிருந்து பக்கத்தில்தான் இருக்கிறாள், ஒருநாளும் வாய் திறந்ததில்லை, இங்கிலீஷ் தெரியாதாக்கும் என்று நினைத்தேன் என்றாள்.

அவளின் பெயர் தேனுகா என்று சொன்னேன். நாற்பது நிமிடம் நிறுத்தாமல் கதைப்பாள் என்றும் சொன்னேன். அவள் சரி என்று தலையாட்டிவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு போனாள். அடுத்த வகுப்புக்காரர் உள்ளே வரத் தொடங்கியிருந்தார்கள். நான் வழிவிட்டு ஒதுங்கி நின்றேன்.

தம்பிமுத்து