வீட்டுக்கு ஒன்று, வெளியே ஒன்று

சௌடேஸ்வரி அம்மன் துணை

அருப்புக்கோட்டை,
கார்த்திகை மாதம், ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் சங்கரிக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் தம்பி கார்த்தியும் அம்மன் புண்ணியத்தில் நன்றாக இருக்கிறோம். நீயும் அந்த டப்ளின் குளிரில் காதை மூடிக்கொண்டு, நேரத்துக்குச் சாப்பிட்டு, சளி இருமல் இல்லாமல் இருக்கிறாய் என்று நம்பித்தான் பேனாவை எடுத்திருக்கிறேன். தினமும் போனில் பேசுகிறவள் எதற்குக் காகிதத்தில் எழுதுகிறாள் என்று சிரிக்காதே. அன்றைக்கு நீ கோபமாகப் போனை வைத்துவிட்டாய். டூரில் எடுத்த அந்தச் சாப்பாட்டு வீடியோவை உன் இன்ஸ்டாவில் போடாதே என்றேன், ஏன் என்றாய், போனில் சொல்ல முடியாது என்றேன், அப்படியென்றால் அனுசியா சித்தி வந்து சேருகிற வரைக்கும்தான் பொறுப்பேன், அதற்குள் காரணம் வரவில்லையென்றால் போட்டுவிடுவேன் என்றாய். சித்தி தன் மகளைப் பார்க்க உன் ஊருக்கே வருவது நம் நல்ல காலம். அவள் பெட்டியில் இட்லிப் பொடிக்கும் காராச்சேவுக்கும் நடுவில் இதை வைத்து அனுப்புகிறேன். பொடியைப் பிரிப்பதற்கு முன்னால் இதைப் படித்துவிடு. முன்னமே எழுதியிருக்க வேண்டும், எப்படி எழுதுவது என்று யோசித்தே நாள் போய்விட்டது.

ஊரில் மழை பரவாயில்லை. திருச்சுழி ரோட்டில் பஸ்ஸில் போனால் பரளச்சி தாண்டியும் இரண்டு பக்கமும் உளுந்து பச்சையாகத் தெரிகிறது, கருவேல மரம்கூடக் குளித்துவிட்டு நிற்கிற மாதிரி இருக்கிறது. மல்லிப்பூ வரத்து இல்லாமல் விலை ஏறிவிட்டது, நான் கனகாம்பரத்தோடு நிறுத்திக்கொண்டேன். மழைக்கு யார் பெயிண்ட் அடிப்பார்கள், கடை மந்தம்தான், பொங்கலுக்கு முன்னால் சரியாகிவிடும் என்று அப்பா சொல்கிறார். கார்த்தி படிக்கிறான், படிக்கிற மாதிரி தெரிகிறான், எது என்று தெரியவில்லை. நீ மழையில் சைக்கிளில் போகாதே.

இனி விஷயத்துக்கு வருகிறேன். பெயிண்ட் கம்பெனி டீலர்களைக் குடும்பத்தோடு கூட்டிக்கொண்டு போன அந்த நாட்டின் பெயரை இதில் எழுதவில்லை, உனக்குத் தெரியும். வெளியூர்க்காரர்கள் கூட்டமாகத்தான் போக வேண்டும், அவர்கள் காட்டுவதைத்தான் பார்க்க வேண்டும் என்று கிளம்பும்போதே சொன்னார்கள். அம்மனுக்கு ஒரு காசு முடிந்து வைத்துவிட்டுத்தான் பிளேன் ஏறினேன். ஆனால் சங்கரி, போய் இறங்கியதும் நான் வாயைப் பிளந்து நின்றுவிட்டேன். ரோடு என்றால் நம் பந்தல்குடி ரோட்டைப் பத்து தடவை பக்கத்தில் பக்கத்தில் விரித்த மாதிரி. அதில் ஒரு வண்டி, அப்புறம் வெகுநேரம் கழித்து இன்னொரு வண்டி. ஒரு ஹாரன் சத்தம் கிடையாது. கட்டடமெல்லாம் வெள்ளை வெளேர் என்று கண்ணைப் பறிக்கிறது. ஒரு மைதானத்தில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஆடிக் காட்டினார்கள், கண்ணுக்கு எட்டிய தூரம் பிள்ளைகள், அத்தனை பேரும் ஒரே நேரத்தில் கையைத் தூக்குகிறார்கள், ஒரே நேரத்தில் சிரிக்கிறார்கள். ஒரு பிள்ளைகூட மூக்கைச் சொறியவில்லை. எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது, பெருமையிலா பயத்திலா என்று இன்றைக்கும் சொல்லத் தெரியவில்லை.

கூட வந்த மல்லாங்கிணறு பால்சாமி அண்ணாச்சி இல்லையென்றால் நான் அழுதிருப்பேன். ஹோட்டல் வாசலைத் தாண்டி டீ குடிக்கக் கிளம்பி, காவல்காரரிடம் ஒரு சல்யூட் வாங்கிக்கொண்டு திரும்பி வந்தார். ஒரு டீக்காக நம்ம ஊரில் இருந்து விருதுநகர் வரைக்கும் போவேன், இங்கே வாசப்படியைத் தாண்ட விடமாட்டேங்காக என்று ஒரே புலம்பல். பஸ்ஸில் போகும்போது பெயிண்ட்காரர்கள் எல்லோரும் சுவரைத்தான் பார்த்தார்கள். ரோட்டைப் பார்த்த சுவரெல்லாம் புதுப் பெயிண்ட், சந்துக்குள் திரும்புகிற சுவரில் சுண்ணாம்பு கூடக் கிடையாது. மதினி, மிச்சச் சுவத்துக்கு லோடு நான் அனுப்புதேன்னு அந்தப் பிள்ளைட்டச் சொல்லுங்க என்று அண்ணாச்சி என்னை இடித்தார். நான் சொல்லவில்லை.

அந்தப் பிள்ளை என்றது எங்கள் கைடு. உன் வயதுதான் இருக்கும். உன்னை மாதிரியே பேசும்போது புருவத்தைத் தூக்குவாள். காலேஜில் நான் இங்கிலீஷ் படித்தவள் என்பதால் எல்லோரும் என்னைத்தான் அவள் பக்கத்து சீட்டில் தள்ளிவிட்டார்கள். அவளோடு இன்னொரு கைடு, வயதானவர், எப்போதும் பஸ்ஸின் கடைசி சீட்டில் இருப்பார். அவர் ஒன்றும் விளக்க மாட்டார். நாங்கள் இறங்கினால் இறங்குவார், நின்றால் நிற்பார். நாங்களாக அவருக்குப் பின் சீட்டுக்காரர் என்று பெயர் வைத்துவிட்டோம்.

கிளம்புவதற்கு முந்தின நாள் ஆற்றோரம் ஒரு ஹோட்டலில் சாப்பாடு. அப்பா வழக்கம்போலத் தட்டை வீடியோ எடுத்துக்கொண்டே, நம் பேச்சில் என் காதோரம் வந்து, உப்பில்லா என்றார். சூப்பில் உப்பே இல்லை. அவள் எதிரில் உட்கார்ந்திருந்தாள். ஸ்பூனை வைத்துவிட்டு என்னைப் பார்த்து, இப்போது நீங்கள் பேசியது வேறு மொழியா, உங்கள் குரல் சின்னதாகிவிட்டதே என்று கேட்டாள். எனக்கு ஆச்சரியம். எங்கள் கூட வந்த தமிழ் ஆட்கள் யாரும் அதைக் கவனித்ததே இல்லை. ஆமாம், நாங்கள் வீட்டில் கன்னடம் பேசுவோம், வெளியே தமிழ், எங்கள் ஆட்கள் பல தலைமுறையாக அப்படித்தான் என்று சொன்னேன். எந்த மொழி எங்கே என்று குழம்பாதா என்றாள். குழம்பாது, வாசப்படியைத் தாண்டினால் நாக்கு தானாக மாறிக்கொள்ளும் என்றேன். அதற்கு அவள் அப்படிச் சிரித்தாள் சங்கரி, நீயும் வீடியோவில் பார்த்தாய் அல்லவா, வாயைக் கூட மூடாமல். சிரித்து முடித்துச் சொன்னாள்:

“எங்களுக்கும் அப்படித்தான். வீட்டுக்கு ஒன்று, வெளியே ஒன்று.”

நான் என்ன செய்தேன் தெரியுமா. நம் ஆட்கள் யாராக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள். பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரி வீட்டில் தெலுங்கு பேசுவோம் என்றால் எந்த ஊர்த் தெலுங்கு என்று கேட்போமே, அதே சந்தோஷத்தில், உங்கள் வீட்டு மொழிக்குப் பெயர் என்ன என்று கேட்டேன். அவள் ஸ்பூனைத் திரும்ப எடுத்தாள். பெயர் கிடையாது என்றாள். அவ்வளவுதான். உடனே ஜன்னல் பக்கம் கையை நீட்டி, அந்தப் பாலம் எப்போது கட்டியது, எவ்வளவு நீளம் என்று ஆரம்பித்துவிட்டாள். நானும் பாலத்தைப் பார்த்தேன், நல்ல பாலம்தான்.

நீ அந்த வீடியோவைப் பார்த்து, அங்கேயும் நம்மைப் போலவே இரண்டு பாஷைக்காரர்கள் இருக்கிறார்கள் என்று எழுதிப் போடப்போவதாகச் சொன்னாய். நானும் வீடு வந்து சேர்கிற வரைக்கும் அப்படித்தான் நினைத்தேன். அப்பா அதை நம் குடும்ப வாட்ஸ்அப்பில் போட்ட அன்று, காபி போட்டுக்கொண்டே இன்னொரு தடவை பார்த்தேன், பார்த்தேன் என்பதைவிடக் கேட்டேன். படத்தில் தட்டும் அவள் முகமும்தான் தெரிகிறது. ஆனால் பெயர் கிடையாது என்பதற்கும் பாலத்துக்கும் நடுவில் ஒரு நாற்காலி இழுக்கிற சத்தம் இருக்கிறது, நீயும் கேட்டுப் பார். கை கழுவப் போயிருந்த பின் சீட்டுக்காரர் திரும்பி வந்து உட்கார்ந்த சத்தம். அந்தச் சத்தத்தோடு அவள் குரல் பெரிதாகிவிடுகிறது. காபியை அப்படியே வைத்துவிட்டுத் திரும்பவும் கேட்டேன். அந்த ஊரில் எல்லோருக்கும் ஒரே பாஷைதான் என்று முதல் நாளே அவள்தான் மைக்கில் சொன்னாள். அப்புறம் ஏது இன்னொன்று? குரல் சின்னதாவதை அவள் கண்டுபிடித்தது எப்படி என்றும் அப்போதுதான் எனக்குப் புரிந்தது, வெளியே சொல்லக்கூடாததை வீட்டுக்குள் மெதுவாகப் பேசிப் பழகியவள் அவள். அத்தனை பெரிய ரோட்டையும் அத்தனை பிள்ளைகளையும் பார்த்து வாயைப் பிளந்தேனே, அதைவிட இது பெரிதாகப் பட்டது எனக்கு. முன்பின் தெரியாத ஒருத்தியிடம், சாப்பாட்டு மேசையில், சிரித்துக்கொண்டே, இவ்வளவு பெரிய விஷயத்தை அந்தப் பெண் சொல்லிவிட்டாள். அதைத் தொலைத்துவிடாமல் காப்பாற்றுவது நம் கையில் இருக்கிறது.

அப்பாவிடம் சொன்னேன். அந்தப் பிள்ளை அப்படி என்னத்தச் சொல்லிருச்சு என்றுதான் முதலில் சிரித்தார். திரும்பவும் கேட்கச் சொன்னேன். நாற்காலிச் சத்தம் வந்ததும் அவர் சிரிப்பு நின்றது. அன்றைக்கே குரூப்பில் இருந்து எடுத்துவிட்டார், சொந்தக்காரர் ஒவ்வொருவருக்கும் போன் போட்டு, கண் கூசுது, டாக்டர் பாக்கக்கூடாதுங்காரு, அழிச்சிருங்க என்று என்னென்னமோ உளறி அழிக்க வைத்தார். எங்கள் போனிலும் இல்லை. இனி உன்னிடம் மட்டும்தான் இருக்கிறது. உன் பக்கத்தை எத்தனை ஆயிரம் பேர் பார்க்கிறார்கள் என்று நீதான் பெருமையாகச் சொல்வாய், அதில் பின் சீட்டுக்காரர் ஒருத்தர் இருந்தால் போதும். அவளுக்கு என்ன ஆகும் என்று எனக்கும் தெரியாது, தெரியாததுதான் என்னைத் தூங்க விடாமல் அடிக்கிறது. ஒன்றும் ஆகாது என்று நீ சொல்லலாம். ஒன்றும் ஆகாமல் இருக்கட்டும். அவளுக்கும் ஒரு அம்மா இருப்பாள், அந்தப் பெயர் இல்லாத பேச்சை அவளோடு பேசுகிறவள்.

கடிதத்தில் அவள் பெயரும் இல்லை, ஊரும் இல்லை, அதனால் பயப்படாதே. நம் பேச்சில் எழுதலாம் என்றுதான் முதலில் நினைத்தேன், ஆனால் கன்னட எழுத்து எனக்கும் தெரியாது, உனக்கும் தெரியாது, நாக்கில் மட்டும்தான் இருக்கிறது நமக்கு. இத்தனை வருடம் அதை ஒரு குறையாக நினைத்திருந்தேன். இப்போது அப்படித் தோன்றவில்லை.

வீடியோவை அழித்ததும் அழித்துவிட்டேன் என்று மெசேஜ் அனுப்பாதே. போன் பண்ணு, சாப்பிட்டாயா என்று நான் கேட்பேன், உப்பில்லா என்று ஒரு வார்த்தை நம் பேச்சில் சொல், எனக்குப் போதும். காராச்சேவை ஒரே நாளில் தீர்த்துவிடாதே, சித்தி மகளுக்கும் கொடு. உடம்பும் மனசும் நோகாமல் நீ தீர்க்காயுசாக இருக்க வேண்டும், படிப்பு நல்லபடியாக முடிய வேண்டும், சௌடம்மன் உன் கூடவே இருப்பாள். அப்பாவின் ஆசீர்வாதமும் இதோடு.

உன் குரலுக்காகக் காத்திருக்கும்
அம்மா