சாமுவேலின் மூச்சு

1972 மார்ச் 2, வியாழன்

காலையிலேயே வெயில் காய்கிறது. லெந்து நோன்பு நாள், கவிச்சி இல்லை. கீரை, புளிக்குழம்பு.

கோயில் மேசைத் துணி துவைத்தேன். திருவிருந்துக்கு அப்பமும் ரசமும் வைக்கிற துணி. முதல் தண்ணீரைச் சாக்கடையில் விடக் கூடாது, செம்பருத்தி வேரில்தான். பல வருஷமாக இது என் வேலை. மாகறலில் நான் பிறந்த தெருப் பக்கம் வந்து யாரும் தண்ணீர் வாங்கிக் குடித்ததில்லை. அதே கைதான் இன்றைக்கு ஆண்டவர் மேசைத் துணியைத் தொடுகிறது. பெருமைதான். பெருமை இல்லை என்று எழுதினால் பொய்.

பழைய துணி நைந்துவிட்டது, புதுசு வந்தாயிற்று. பழசை வேறு வேலைக்கு எடுக்காமல் எரித்துவிடச் சொன்னார் போதகர். மூலையில் சிவப்புச் சிலுவை, நான் போட்ட தையல். எரிக்க மனசு வரவில்லை. பெட்டியில் வைத்தேன்.

சாமுவேலுக்கு மறுபடி மூச்சிழுப்பு. என் ஒரே பிள்ளை. சாயப்பட்டறையில் பட்டு வேகவைக்கிற ஆவி நெஞ்சில் இறங்கிவிட்டது. இரவெல்லாம் சுவரில் சாய்ந்தபடியே.

மார்ச் 6, திங்கள்

வாங்க வேண்டியது: உப்பு, தீப்பெட்டி, பேத்தி கிரேஸுக்கு வெள்ளைப் பாவாடைத் துணி. குருத்தோலை ஞாயிறு பிஷப் வருகிறார். அவளுக்குத் திடப்படுத்தல், விசுவாசத்தில் நிலைப்பேன் என்று சபை முன்னால் வாக்குக் கொடுப்பது; அதோடு முதல் திருவிருந்து. குடும்பத்தோடு மேசைக்குப் போக வேண்டும்.

சாமு யோகம் கற்றுக்கொள்ளப் போகிறான். டிரில் மாஸ்டராக இருந்த முதலியார், பிள்ளையார்பாளையத்தில். பின்பக்கத் தோட்டத்தில்தான் சொல்லிக்கொடுக்கிறார், எங்களுக்கு முன்வாசல் கிடையாது. நானும் கூடப் போனேன். மூச்சோடு சாமி பேர் சொல்ல வேண்டுமாம். நாங்கள் இயேசு பேரைத்தான் சொல்வோம் என்றேன்.

"சொல்லேம்மா, எனக்கு இன்னா? ஆனா இயேசுன்னா சட்டுனு முடிஞ்சிடுது. மூச்சு நீளம் பத்தாது. நீளமா ஒண்ணு சொல்லு."

மூச்சு இழுக்கும்போது 'கர்த்தாவே', விடும்போது 'இரங்கும்' என்று ஏற்பாடு செய்தேன். சாமு சிரித்தான். சிரித்ததும் இருமல்.

நெஞ்சுச் சளி போக இன்னொன்று சொன்னார். நீளத் துணியை வெந்நீரில் நனைத்து, கொஞ்சம் கொஞ்சமாக விழுங்கி, அப்படியே வெளியே இழுப்பது. கூடவே அவர் இருப்பார். பழந்துணியாக, மெத்தென்று, சாயம் படாத பருத்தியாக வேண்டும்.

மார்ச் 9, வியாழன்

சாயக்காரன் வீட்டில் வெள்ளைத் துணி ஏது? வேட்டி, துண்டு, தலையணை உறை எல்லாவற்றிலும் அரக்கு, பச்சை. கடைத் துணியில் கஞ்சி. பெட்டியைத் திறந்தேன்.

ஜெபம் பண்ணிவிட்டுத்தான் கிழித்தேன். ஆண்டவர் சரீரம் இருந்த துணி, என் பிள்ளை உடம்பையும் கழுவட்டும், உள்ளத்தையும் கழுவட்டும். இதில் தப்பு எங்கே என்று யோசித்துப் பார்த்தேன். தெரியவில்லை. சிலுவை இருந்த மூலையைத் தனியே வெட்டியிருக்கலாம். நல்ல தையல். கைப்பிடிக்கிற முனையில் இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

முதல் தடவை வாந்திதான். கண்ணெல்லாம் தண்ணீர்.

மார்ச் 14, செவ்வாய்

சாமு படுத்துத் தூங்கினான்! மல்லாந்து. மருமகள் எஸ்தர் பாதித் தூக்கத்தில் எழுந்து நெஞ்சில் கை வைத்துப் பார்த்தாளாம். "சத்தமே இல்ல அத்த, பயந்துட்டேன்." ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம். அவல் பாயசம் வைத்தேன், லெந்தாக இருந்தாலும்.

மார்ச் 18, சனி

வந்தது வினை. பெண்கள் சங்கக் காரியதரிசி ரூத்தம்மாள் குருத்தோலை விஷயமாக வந்தாள். கொடியில் துணி காய்ந்துகொண்டிருந்தது. சிவப்புச் சிலுவை. வேறு யார் போட்ட தையல் என்று சொல்ல முடியும்?

"இத எரிச்சிட்டன்னு சொன்னியே?"

எரித்தேன் என்று நான் சொல்லவில்லை. கேட்கவும் இல்லை யாரும். கிரேஸ் முந்திக்கொண்டு எல்லாம் சொல்லிவிட்டாள். பொய் சொல்லத் தெரியாத பெண்.

"கும்புடறது இங்க, மூச்சு வுடறது முதலியார் தோட்டத்துலயா? சாமி துணிய வயித்துக்குள்ள வுட்டு எடுக்கறீங்களே, நல்லா இருக்குதா?"

"அப்பத்த முழுங்கறோமில்ல? அது கீழ கெடந்த துணிதான?" என்றேன்.

வாயை மூடியிருக்கலாம்.

மார்ச் 20, திங்கள்

சபை மூப்பர்கள் கூட்டம். துணி துவைக்கிற வேலை ரூத்தம்மாளுக்கு. துணி அலமாரிச் சாவியைக் கொடுத்தேன்.

போதகர் சின்ன வயசு, நல்லவர்தான். மூப்பர்கள் விடவில்லை. சாமு பைபிளில் கை வைத்து, சபை முன்னால், யோகத்தை விட்டேன் என்று சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் மேசைக்கு வரக் கூடாது.

வீட்டுக்கு வந்து சாமு கேட்டான், "நீ இன்னா சொல்ற மா?"

கிரேஸ் வெள்ளைப் பாவாடையோடு தனியாக மேசைக்குப் போவது கண்ணில் வந்தது. அப்பன் பின் வரிசையில். ரூத்தம்மாள் பார்த்துக்கொண்டிருப்பாள். "சொல்லிடுபா" என்றேன்.

மார்ச் 26, குருத்தோலை ஞாயிறு

சொல்லிவிட்டான். குரல் நடுங்கவில்லை. கிரேஸ் பக்கத்தில் நின்றாள். பிஷப் அவள் தலையில் கை வைத்தார். நாலு பேரும் சேர்ந்து முழங்காலில். நினைத்தது நடந்தது.

சாப்பாடு ருசிக்கவில்லை.

ஏப்ரல் 5, புதன்

இழுப்பு வந்துவிட்டது. முன்னைவிட மோசம். ஆஸ்பத்திரியில் ஊசி, மாத்திரை. வேலைக்குப் போகவில்லை. வாசலில் முதலியார் குரல். இது வரை எங்கள் தெருப் பக்கம் வராதவர். "இன்னாபா, ஆளையே காணோம்?" சாமு எழுந்து போய்க் கும்பிட்டு, "வரமாட்டேன் வாத்தியாரே, மன்னிச்சிடுங்க" என்றான். அவ்வளவு சொல்லவே வாசல்காலைப் பிடித்துக்கொண்டான்.

ஏப்ரல் 13, வியாழன்

புழுக்கம். காற்றே இல்லை.

போதகர் வந்தார், வீட்டில் திருவிருந்து கொடுக்க. கோயில் வரைக்கும் நடக்க முடியவில்லை என்று எஸ்தர் சொல்லி அனுப்பியிருந்தாள். அப்பத்தை வாயில் வைக்குமுன் சாமுவுக்கு இருமல். கையில் அப்பத்தோடு போதகர் காத்திருந்தார். ஜெபம் முடிந்தும் எழுந்திருக்கவில்லை.

"சாமுவேல், அந்த மூச்சுப் பயிற்சிய மறுபடி செய்ங்க. மூச்சு மட்டும். மூப்பர்களுக்கு நான் பதில் சொல்லிக்கறேன்."

எஸ்தர் கதவோரம் அழுதாள்.

சாமு இல்லை என்று தலையாட்டினான். துண்டு துண்டாகப் பேச்சு. "கை வெச்சி சொன்னேன் ஐயா. கிரேஸ் பக்கத்துல நின்னா. அவளும் அன்னிக்கிதான் வாக்கு குடுத்தா. என் வாக்கு மாறினா, அவ வாக்குக்கு இன்னா மதிப்பு?"

"அது வேற, சாமுவேல்."

"வேற இல்ல ஐயா."

நீங்கள் சொல்லிப் பாருங்கள் என்பது போலப் போதகர் என்னைப் பார்த்தார்.

"டேய், நான் சொல்றன்டா. செய்டா. யாரு இன்னா சொன்னா இன்னா?"

"நீதான மா சொல்லச் சொன்ன."

கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

போதகருக்கு வைத்த காபி ஆடை கட்டிவிட்டது. போதகர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே போனார், தெரு முனை வரை ஏறவில்லை. முதுகுக்கு இன்னொரு தலையணை கேட்டான் சாமு. என்னுடையதைக் கொடுத்தேன்.