கிழவிக்கு எழுதாத வசனம்

ஜூலை 5, 1964, ஞாயிறு

மழை. மாதா கோவில் ஹாலில் தொடர் நாடகம், ஒன்பதாம் பாகம். எழுதுவது என் மருமகன் தாவீது. ஆறு நாளும் ஆபீஸில் அடுத்தவர் சொல்வதை டைப் அடிக்கிறவர். ஞாயிற்றுக்கிழமையாவது அவர் சொல்வதை நாலு பேர் கேட்கட்டுமே.

கதாநாயகன் ஒன்பது வாரமாக வேலை தேடுகிறான். கதாநாயகி ஒன்பது வாரமாக அழுகிறாள். ஜனம் வருவது இவர்களுக்காகவா? பக்கத்து வீட்டுக் கிழவிக்காக. பாகத்துக்கு ஒரு தடவை வருவாள். யார் வீட்டு அடுப்பு எரிகிறதோ அங்கே நுழைந்து மூடியைத் திறப்பாள், அடுத்தவள் குழம்புக்குச் சிலுவை போடுவாள், புறங்கையில் ஒரு சொட்டு விட்டு ருசி பார்ப்பாள், உப்பு சரியில்லை என்று சொல்லிவிட்டுப் போவாள். கிழவி வேஷம் மில் வேலைக்காரன் சந்தியாகுவுக்கு. மீசையை எடுக்கமாட்டானாம், முந்தானையால் மூடிக்கொள்கிறான். சேலையா அது? மூட்டைக்குச் சாக்குச் சுற்றியதுபோல.

ஆனாலும் வயிறு வலிக்கச் சிரித்தேன். பக்கத்தில் இருந்தவர்கள் மேடையை விட்டுவிட்டு என்னையே பார்த்தார்கள். ஏனோ.

ஜூலை 7

ஏனென்று தெரிந்துவிட்டது.

எங்களைப்போலவே ஒற்றை அறையில், அடுத்த கோலியில் குடியிருக்கும் சொர்ணம்மாள் மீன்குழம்பு வைத்திருந்தாள். போனேன். மூடியைத் திறந்து, சிலுவை போட்டு, புறங்கையில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்தேன். கூட வந்த பேத்தி குதிக்கிறாள்: "ஐயோ, ஆச்சி சந்தியாகு மாமா மாதிரியே பண்ணுதா!" சொர்ணம்மாள் வாயைப் பொத்திக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிவிட்டாள்.

சிலுவை. புறங்கை. தாராவி முழுக்கத் தேடினாலும் இரண்டையும் செய்கிறவள் ஒருத்திதான். ஒன்பது வாரம் என்னைப் பார்த்து நானே சிரித்திருக்கிறேன். ஐந்தாம் வகுப்பு வரை படித்த மூளை!

ஜூலை 8

எங்கள் கோலி பத்தடிக்குப் பன்னிரண்டடி. குறுக்கே ஒரு திரை. மாமியார் மருமகனிடம் நேருக்கு நேர் பேசுவது எங்கள் பக்கம் வழக்கமில்லை. பதினோரு வருஷமாக அவருக்குச் சொல்ல வேண்டியதை மகள் இருதயமேரியிடம்தான் சொல்கிறேன். மூன்றடி தூரத்தில் இருப்பவர் காதிலேயே விழாததுபோல உட்கார்ந்திருப்பார். இப்பேர்ப்பட்ட நடிகர் வீட்டிலிருக்க, சந்தியாகு எதற்கு?

இன்றும் அப்படித்தான் சொன்னேன். "ஏட்டி மேரி, நான் டோம்பிவிலிக்கு ஒன் தம்பி வீட்டுக்குப் போறேன். என்னய வச்சு கைதட்டு வாங்குதவுக நல்லா இருக்கட்டும்."

"வெளையாட்டுக்கு எழுதினதும்மா."

"அப்ப அவுக அம்மைய வச்சு எழுதச் சொல்லு."

திரைக்கு அந்தப்பக்கம் தாள் புரட்டுகிற சத்தம். பெட்டியில் சேலைகளை அடுக்கினேன்.

ஜூலை 12, ஞாயிறு

நாடகத்துக்குப் போகவில்லை. பேத்தி வந்து கதை சொன்னாள். கிழவி பெட்டியோடு டோம்பிவிலி ரயில் ஏறப் போய்விட்டாளாம். இனி வரமாட்டாளாம்.

அடேயப்பா, வழியனுப்ப என்ன அவசரம்! நான் இன்னும் டிக்கெட்கூட எடுக்கவில்லை.

இருங்கன்னு ஒரு வார்த்தை — ஒரே ஒரு வார்த்தை — மேரிகிட்ட சொல்லியிருக்கக் கூடாதா இந்த மனுஷன்? பதினோரு வருஷம் பொங்கிப் போட்டேனே?

ஜூலை 15

ஒரு வாரமாக யார் வீட்டு மூடியையும் தொடவில்லை. இன்று சொர்ணம்மாள் சட்டியோடு வாசலில் நிற்கிறாள்.

"மதினி, உப்புப் பாருங்க."

"நாந்தான் ரயிலேறிட்டேனே."

"ஏறுனா எறங்குங்க. எங்க வீட்டுக்காரரு நாலு நாளா தட்டத் தள்ளிட்டுப் போறாரு. ஹால்லயும் கிழவி போனதும் பாதிப்பேரு எந்திச்சுப் போயிட்டாக."

பாதிப்பேரா. சரி. பார்த்தேன். உப்பே போடவில்லை, மகராசி.

ஜூலை 18, சனி

என் பெட்டிமேல் நாலு தாள். தாவீது கையெழுத்து, பதினோராம் பாகம். வைத்தவரைக் காணோம். கொட்டுகிற மழையில் குடைகூட எடுக்காமல் வெளியே போயிருக்கிறார்.

வாசித்தேன். மழையில் ரயில் ஓடவில்லை. கிழவி சயான் ஸ்டேஷனில் பெட்டிமேல் உட்கார்ந்திருக்கிறாள். அவள் மருமகன் நனைந்துகொண்டே ஓடிவருகிறான். பத்துப் பாகமாக இல்லாத மருமகன்! இன்றைக்குத்தான் பிறந்திருக்கிறான்.

மருமகன்: "அத்தை, போகாதீங்க. நீங்க பாக்காத குழம்பு எனக்கு எறங்கல."

கிழவி:

அதற்குக் கீழே எதுவும் இல்லை. வெறும் இடம்.

பிறகு பேத்தியின் பென்சிலை எடுத்து எழுதினேன்: "போகல. மொதல்ல தலையத் தொவட்டுங்க."

தாளைத் திரைக்கு அந்தப்பக்கம் வைத்தேன். மேல் ஒரு துண்டும்.

ஜூலை 19, ஞாயிறு

பெட்டியிலிருந்து சுங்குடிச் சேலையை எடுத்துக் கொண்டுபோய், சந்தியாகுவுக்கு நானே கொசுவம் வைத்துக் கட்டிவிட்டேன். நாலு பேர் பார்க்கிற இடத்தில் நான் சாக்கு மூட்டையாக நிற்க முடியாது. மீசையைத்தான் ஒன்றும் செய்ய முடியவில்லை.