என் சத்தம் மட்டும் வரவில்லை

6 மே, திங்கள்

கடை திறந்ததும் முதல் வேலையாகக் கம்ப்யூட்டர் திரையைப் பதிவு செய்தேன். சப்ளையருக்கு ஆர்டர் போடுவது எப்படி – எங்கே அழுத்த வேண்டும், எந்த பூட்ஸ், எந்தக் கையுறை, புல்வெட்டி மெஷினுக்கு எந்தக் கயிறு. பதினோரு நிமிடம் தொண்டை வறளப் பேசினேன். ஷாமளாவைக் கூப்பிட்டுப் போட்டுக் காட்டினால் படம் ஓடுகிறது, மவுஸ் ஓடுகிறது, நான் இல்லை. ஊமைப் படம்.

“நல்லா இருக்குக்கா. தியான வகுப்பு மாதிரி அமைதியா” என்றாள்.

அவளுக்குச் சிரிப்பு. எனக்கு 23-ஆம் தேதி ஆபரேஷன். கழுத்துக் கட்டி குரல் நரம்பை ஒட்டி உட்கார்ந்திருக்கிறதாம். டாக்டரம்மா சுற்றி வளைக்கவில்லை. குரல் மாறலாம், போகவும் போகலாம், திரும்பி வர மாதக்கணக்கில் ஆகலாம் என்றார். பேசிப் பேசியே இந்த லூனாஸ் ஊரில் தோட்ட வேலைச் சாமான் கடை போட்டவள் நான்.

குரல் திரும்பும்வரை ஷாமளா தனியாகக் கடையைப் பார்க்க வேண்டும். ஏழு வருடமாகக் கல்லாவில் இருக்கிறாள், கை சுத்தம். ஆனால் நேரில் சொல்லிக் கொடுத்தால் “ஆமாக்கா, ஆமாக்கா” என்பாள், மறுநாள் மறந்திருப்பாள். எழுதிக் கொடுத்தால் படிக்க மாட்டாள். அவளுக்குக் காதில் விழ வேண்டும், திரும்பத் திரும்ப.

8 மே, புதன்

ஊமைப் படத்தையே வைத்து ஒரு ஆர்டரைத் தட்டிப் பார் என்றேன். பூட்ஸ் எட்டாம் நம்பரில் முப்பது ஜோடி தட்டிவிட்டாள். அனுப்புமுன் பிடித்துவிட்டேன். இந்தப் புது பூட்ஸ் அளவு சின்னது. பாடாங் மேஹா தோட்டத்தில் செம்பனைக் குலை வெட்டுகிறவர்கள் தடிச் சாக்ஸ் போட்டுக்கொண்டு போடுவார்கள், ஒன்பதுதான் எடுக்க வேண்டும்.

“நீங்க எட்டு மேலதானேக்கா அம்பு வெச்சீங்க?”

“எட்டு வேணாம்னு காட்டத்தான்டி வெச்சேன்!”

அம்பு எங்கே போகிறது என்று படம் சொல்கிறது. ஏன் போகிறது என்று நான் அல்லவா சொல்ல வேண்டும்?

கூலிமில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் விக்னேஸ்வரனுக்கு போன் போட்டேன். “தம்பி, ரெக்கார்டு பண்ணா சவுண்டு வரல.”

“ஸ்பீக்கர் போயிருக்கும் லா. சனிக்கிழம வரேங்க்கா.”

11 மே, சனி

வந்தார். புது ஸ்பீக்கர் மாட்டினார். ஒரு பாட்டைப் போட்டார், அலமாரிக் கண்ணாடி அதிர்ந்தது. “பாருங்க, எப்படி சவுண்டு!” பிள்ளையை டியூஷனில் விட வேண்டுமென்று ஓடிவிட்டார். பிறகு பதிவு செய்து பார்த்தேன். ஊமை.

12 மே, ஞாயிறு

புது ஹெட்செட் வாங்கினேன். காதுக்குப் பாட்டு வருகிறது. பதிவில் நான் இல்லை.

14 மே, செவ்வாய்

இன்னும் ஒன்பது நாள். உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. கம்ப்யூட்டரை மூன்று தடவை அணைத்துப் போட்டேன். பதிவு செய்கிற வேறொரு மென்பொருளை இறக்கினேன், அதிலும் அதே கதை. வீட்டுக்காரர் காளிதாசன் ஒரு யோசனை சொன்னார்: “போனக் கையில புடிச்சி ஸ்கிரீன வீடியோ எடேன், போன்ல மைக் இருக்குல்ல.” எடுத்தேன். குரல் வந்தது. ஆனால் திரை முழுக்கக் கண்ணாடிக் கதவின் வெளிச்சம், ஒரு நம்பர் படிக்க முடியவில்லை. ஒரு கையில் மவுஸ், ஒரு கையில் போன், படம் படகில் போகிற மாதிரி ஆடுகிறது.

ஷாமளா பாவம், ஆறுதலாகத்தான் சொன்னாள். “ஏங்க்கா இப்படி அலையிறீங்க? போய்ட்டு வந்து மெதுவா சொல்லுங்க.”

“வந்து எத வெச்சி சொல்றது? எத வெச்சிடி?”

கடையில் இரண்டு பேர் நின்றிருந்தார்கள். கத்தியிருக்கக் கூடாது. அவள் கையுறைக் கட்டை எடுத்து அடுக்கத் தொடங்கினாள், ஏற்கெனவே அடுக்கியதை.

16 மே, வியாழன்

இன்று பிடிபட்டது!

பதிவு ஓடும்போது யாரோ வாட்ஸாப்பில் செய்தி அனுப்பினார்கள். திருப்பிப் போட்டுக் கேட்டால் அந்த ‘டிங்’ தெளிவாக விழுகிறது. அப்படியென்றால் இது செவிடு இல்லை. தன் சத்தம் கேட்கிறது. என் சத்தம் மட்டும் கேட்கவில்லை.

விக்னேஸ்வரனிடம் அப்படியே சொன்னேன். “தம்பி, கம்ப்யூட்டர் போடுற சத்தம் வருது. நான் போடுற சத்தம்தான் வரல.”

“ஐயோ அக்கா! அப்ப மைக்கு! நீங்க சவுண்டு சவுண்டுன்னீங்க, நான் ஸ்பீக்கர்னுல்ல நெனச்சேன்.”

“பேசுனா வர்றதும் சவுண்டுதானே?”

“ரெண்டும் சவுண்டுதாங்க்கா. ஒண்ணு வெளிய வர்றது, ஒண்ணு உள்ள போறது.”

ஒரு வார்த்தைக்கு எட்டு நாள் போயிற்று. பதிவு செய்யும் இடத்தில் மைக் படம் ஒன்று இருக்கும், பாருங்கள் என்றார். இருந்தது. மேலே ஒரு குறுக்குக் கோடு. அழுத்தினேன், கோடு போகவில்லை.

18 மே, சனி

விக்னேஸ்வரன் உட்கார்ந்து செட்டிங்ஸ் உள்ளே போனார், அதற்கும் உள்ளே போனார். எந்த மென்பொருளும் மைக்கைத் தொடக்கூடாது என்று ஒரே அடியாக அடைத்து வைத்திருக்கிறது.

“யாருக்கா இத அடைச்சது?”

கேட்டுவிட்டு அவரே என் முகத்தைப் பார்த்தார். நானும் பார்த்தேன். போன தீபாவளிக்கு முன்னால். நான் காலையில் வாடிக்கையாளரிடம் ஒரு விலை சொன்னால், மத்தியானம் எதிர்க்கடை அழகேசன் பலகையில் அதைவிடக் குறைத்து எழுதியிருப்பார். கம்ப்யூட்டர் ஒட்டுக் கேட்கிறது என்று யாரோ சொல்ல, நான் நம்பி, இதே விக்னேஸ்வரனைக் கூப்பிட்டு “இந்தப் பொட்டிக்கு இருக்கிற காதெல்லாம் அடைச்சி விடு” என்றேன். அடைத்தார். இரண்டு பேரும் மறந்துபோனோம்.

“அழகேசனுக்கு எதுக்குக்கா கம்ப்யூட்டரு?” என்றாள் ஷாமளா. “நீங்க வெல சொன்னா பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கேக்குமே.”

திறந்தார். ஹெட்செட்டின் மைக்கைத் தேர்ந்தெடுத்தார். நான் பேசப் பேசத் திரையில் பச்சைப் பட்டை துள்ளியது. பத்து விநாடி பதிவு செய்து போட்டோம். வந்தேன். நான் இப்படியா பேசுகிறேன்? கடைசிப் பஸ்ஸை நிறுத்துகிற மாதிரி? நாற்பத்தொன்பது வயதில் என் குரலை நிறுத்தி நிதானமாகக் கேட்பது இதுதான் முதல் தடவை.

20 மே, திங்கள்

ஒன்பது பதிவுகள் முடிந்தன. ஒவ்வொன்றுக்கும் முன்னால் பத்து விநாடி சோதனை, பச்சைப் பட்டை அசைந்தால்தான் மேலே பேச்சு. நாலாவதில் வாசலை மறித்து நின்ற லாரிக்காரரைத் திட்டியதும் சேர்ந்து பதிவாகிவிட்டது. வெட்ட நேரமில்லை, இருக்கட்டும்.

22 மே, புதன்

விசாக விடுமுறை. ஷாமளாவை மட்டும் வரச் சொன்னேன். படத்தைப் போட்டுப் போட்டு நிறுத்தி, முழு ஆர்டரையும் அவளே தட்டினாள். நான் வாயைத் திறக்கவில்லை. ஒரு பிழை இல்லை.

“எட்டு வேணாம் எட்டு வேணாம்னு காதுக்குள்ள கத்துறீங்களேக்கா, எப்படித் தப்பும்?”

பையைக் கட்டிவிட்டேன். நாளை காலை ஏழு மணிக்கு ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டும்.

2 ஜூன், ஞாயிறு

பேசக் கூடாது என்று உத்தரவு. ஷாமளா வீட்டுக்கு வந்தாள். இரண்டு ஆர்டர் அனுப்பினாளாம், இரண்டும் சரியாக வந்து இறங்கின. கல்லாவில் படம் ஓடும்போது வருகிறவர்கள் உள்பக்கம் எட்டிப் பார்த்து “அக்கா உள்ளாரதான் இருக்காங்களா?” என்று கேட்கிறார்களாம். சிரிக்க வேண்டும் போல் இருந்தது. சிரித்தால் தையல் இழுக்கிறது.

13 ஜூன், வியாழன்

கடைக்குப் போனேன். குரல் என்று ஒன்று இருக்கிறது. ஓட்டைக் குழாயில் காற்று போகிற மாதிரி. டாக்டரம்மா பொறுக்கச் சொல்கிறார்.

ஷாமளா சாப்பிடப் போயிருந்த நேரம் போன் அடித்தது. புக்கிட் செலம்பாவ் கண்டிராக்டர் மணியம், பதினோரு வருட வாடிக்கை. ஹலோ என்றேன்.

“யாரும்மா அது? அக்காகிட்ட குடு.”

நான்தான் என்று சொல்ல வாயெடுத்தேன். சொன்னால் என்ன ஆச்சு, ஏது ஆச்சு என்று அரை மணி நேரம். அவர் ஆள்களோ தோட்டத்தில் காத்திருப்பார்கள்.

“அக்கா இல்லீங்க. என்ன வேணும், சொல்லுங்க.”

சொன்னார். புல்வெட்டிக்குக் கயிறு, கையுறை இருபது. கயிறு தடியா மெல்லிசா, முரட்டு லாலான் புல்லுக்கா சாதாரணப் புல்லுக்கா, கையுறை முள்ளுக்கா மருந்தடிக்கவா – ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதிக்கொண்டேன்.

“புது ஆளா? பரவால்ல, வெவரமாத்தான் கேக்குற. அக்கா வந்தா மணியம் கேட்டேன்னு சொல்லு.”

சொல்றேங்க என்றேன்.